கடைமடைக்கு ஆக்சிஜன்

வயிற்றைத் திறந்து செய்கிற ஆபரேஷனில், கத்தி இறங்கிய சில விநாடிகளில் தோலின் ஓரத்தில் ரத்தம் புள்ளி புள்ளியாக அரும்பும். அறுவை மருத்துவர் அதைப் பஞ்சால் ஒற்றுவார். சிறிய குழாய்களை மின்கத்தியால் பொசுக்குவார், பெரியவற்றை நூலால் கட்டுவார். ரத்தம் நின்றால்தான் கண்ணுக்கு எதுவும் தெரியும், வேலை நடக்கும். ஆனால் ரத்தத்தை நிறுத்திய அதே கட்டு, வெட்டு விளிம்பில் இருக்கும் சதைக்கு ஆக்சிஜன் வரும் வழியையும் அடைத்துவிடுகிறது. குடலைத் திறக்கும் ஆபரேஷன் என்றால் கிருமிகளும் அதே நேரத்தில் அங்கே வந்து இறங்கியிருக்கும்.

தையல் பிரிக்கப் போகிற நாளில் காயம் சிவந்து வீங்கிச் சீழ் வைத்திருப்பதைப் பார்க்கிறோம். அது அன்றைக்கு வந்த வினை இல்லை. ஜான் பர்க் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1961இல் கினிப் பன்றிகளை வைத்து இதைக் காட்டினார். கிருமி தோலுக்குள் போவதற்குச் சற்று முன்பு ஆன்டிபயாடிக் கொடுத்தால் புண் பழுக்கவில்லை. மூன்று மணி நேரம் கழித்துக் கொடுத்தபோது, கொடுத்ததற்கு அடையாளமே இல்லை. ஆக, யார் ஜெயிப்பது என்பது நோயாளி மயக்கத்தில் கிடக்கும் அந்தச் சில மணி நேரத்திலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

அந்த நேரத்தில் காயத்துக்குள் சண்டை போடுகிறவை நியூட்ரோஃபில் எனப்படும் வெள்ளை அணுக்கள். கிருமியைக் கண்டால் இவை சூழ்ந்து விழுங்கும். விழுங்கும்போது வழக்கத்தைவிடப் பல மடங்கு ஆக்சிஜனை இழுக்கும். 1933லேயே நாயின் வெள்ளை அணுக்களில் இதைப் பார்த்து எழுதிவைத்திருக்கிறார்கள். விழுங்குவது கடினமான வேலை, அதற்குச் சக்தி வேண்டியிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஆனால் ஆக்சிஜன் இல்லாமலே, சர்க்கரையை மட்டும் வைத்துக்கொண்டு இந்த அணுவால் பிழைக்கவும் நகரவும் முடியும். பிறகு அத்தனை ஆக்சிஜனும் எங்கே போகிறது? 1973இல் பெர்னார்ட் பேபியரும் அவருடன் வேலை செய்தவர்களும் விடை கண்டார்கள். அணு அதைச் சூப்பராக்சைடாக மாற்றிக் கிருமியின் மேல் பாய்ச்சுகிறது. அதாவது ஆக்சிஜன் இங்கே சாப்பாடு இல்லை, வெடிமருந்து. இந்த மருந்தைச் செய்யும் நொதி பிறவியிலேயே பழுதான குழந்தைகள் உண்டு. அவர்களுக்கு வெள்ளை அணு எண்ணிக்கையில் குறைவே இருக்காது. ஆனாலும் தோலிலும் நுரையீரலிலும் கல்லீரலிலும் திரும்பத் திரும்பச் சீழ்க்கட்டி வரும். இதைப் படித்த பிறகு, ஆக்சிஜன் கிடைக்காத காயம் ஏன் பழுக்கிறது என்று எனக்கு யாரும் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அப்படியானால் நோயாளிக்குக் கூடுதல் ஆக்சிஜன் கொடுத்தால் என்ன? சான்ஃபிரான்சிஸ்கோவில் தாமஸ் ஹன்ட் என்ற அறுவை மருத்துவர் பல ஆண்டுகள் இந்தக் கேள்வியோடு இருந்தார். 1984இல் அவருடைய குழு கினிப் பன்றிகளின் தோலுக்குள் கிருமியைச் செலுத்தி, சிலவற்றை 12 சதவீத ஆக்சிஜனிலும், சிலவற்றை நாம் சுவாசிக்கும் 21 சதவீதத்திலும், சிலவற்றை 45 சதவீதத்திலும் வைத்தது. ஆக்சிஜன் கூடக் கூடப் புண் குறைந்தது.

இங்கே நியாயமான ஒரு சந்தேகம் எழும். விரலில் கிளிப் மாட்டிப் பார்த்தால் சாதாரணக் காற்றிலேயே 98 சதவீதம் காட்டுகிறதே, ஹீமோகுளோபின் நிரம்பித்தானே இருக்கிறது, இன்னும் ஆக்சிஜன் கொடுத்து எங்கே வைப்பது? அளவை மட்டும் பார்த்தால் சந்தேகம் சரி. 100 மில்லி ரத்தத்தில் ஹீமோகுளோபின் சுமக்கும் ஆக்சிஜன் ஏறக்குறைய 20 மில்லி. ரத்தநீரில் கரைந்திருப்பது 0.3 மில்லி. நோயாளிக்கு 80 சதவீத ஆக்சிஜன் கொடுத்தால் கரைந்தது 1 மில்லியைத் தாண்டும், அவ்வளவுதான். ஆனால் வெட்டு விளிம்பு என்பது கடைமடை வயல். பக்கத்து வாய்க்கால்கள் அடைபட்ட பின், மிச்சமிருக்கும் குழாயிலிருந்து சதைக்குள் ஊறித்தான் ஆக்சிஜன் அங்கே போய்ச் சேர வேண்டும். அது எவ்வளவு தூரம் ஊறும் என்பதைத் தீர்மானிப்பது அழுத்தம். தலைமடையில் நீர்மட்டம் உயர்ந்தால்தானே கடைசி வயல் நனையும்? சாதாரணக் காற்றில் தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 100 மில்லிமீட்டர் பாதரசம் அளவில் இருக்கும். 80 சதவீதம் கொடுத்தால் ஆரோக்கியமான நுரையீரலில் அது மூன்று நான்கு மடங்காகும்.

2000ஆம் ஆண்டு ஜனவரியில் வந்த ஓர் ஆய்வு உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது. ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் பெருங்குடல் ஆபரேஷன் செய்துகொண்ட 500 பேர். பாதிப்பேருக்கு 30 சதவீத ஆக்சிஜன், பாதிப்பேருக்கு 80. ஆபரேஷன் முழுக்கவும், முடிந்து இரண்டு மணி நேரமும். முதல் குழுவில் 11.2 சதவீதம் பேருக்குக் காயம் பழுத்தது, இரண்டாவதில் 5.2 சதவீதம் பேருக்கு. சீழ் பிடித்தால் ஒருவர் மருத்துவமனையில் கூடுதலாகக் கிடக்கும் நாட்களையும் வலியையும் செலவையும் நினைத்துப் பாருங்கள். அதைப் பாதியாகக் குறைக்க ஒரு குமிழைத் திருப்பினால் போதும் என்றால், எந்த மருத்துவருக்குத்தான் ஆசை வராது?

ஆனால் சதவீதத்தை ஆட்களாக மாற்றிப் பாருங்கள். 250 பேரில் 28, இன்னொரு 250 பேரில் 13. நடுவில் இருப்பது வெறும் 15 பேர். 15 பேர் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்வதற்குத் தற்செயலும் போதும்.

அடுத்து வந்தவை அதைத்தான் காட்டின. 2004இல் நியூயார்க்கில் 165 பேரிடம் செய்த ஆய்வில் எல்லாம் தலைகீழ். 80 சதவீதம் வாங்கியவர்களில் 25 சதவீதம் பேருக்குக் காயம் பழுத்தது, 35 சதவீதம் வாங்கியவர்களில் 11.3 சதவீதம் பேருக்கு. மறு ஆண்டே ஸ்பெயினிலிருந்து வந்த ஆய்வு மறுபடியும் ஆக்சிஜன் பக்கம் பேசியது. பிறகு டென்மார்க்கின் 14 மருத்துவமனைகள் சேர்ந்து 1,400 நோயாளிகளை எடுத்துக்கொண்டன. இரு குழுக்களிலும் காயம் பழுத்தவர்கள் 19.1 சதவீதம், 20.1 சதவீதம். வித்தியாசம் இல்லை. அந்த நோயாளிகளையே இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து பார்த்தபோது, கூடுதல் ஆக்சிஜன் வாங்கியவர்களில் 23.2 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், மற்றவர்களில் 18.3 சதவீதம் பேர். முக்கியமாகப் புற்றுநோய் இருந்தவர்களிடம் இந்த வேறுபாடு தெரிந்தது. இது ஏன் என்பதற்கு உறுதியான காரணம் கிடைக்கவில்லை. தற்செயலாகவும் இருக்கலாம். ஆனாலும் குமிழைத் திருப்பும் கையை இது கொஞ்சம் தயங்க வைத்தது.

உலக சுகாதார நிறுவனம் 2016இல், குழாய் போட்டு மயக்கம் கொடுக்கப்படும் பெரியவர்களுக்கு 80 சதவீதம் கொடுங்கள் என்று அழுத்தமாகவே பரிந்துரைத்தது. மயக்க மருத்துவர்கள் பலர் எதிர்த்தார்கள். 2018இல் அந்தப் பரிந்துரையின் வலிமையைக் குறைத்து, நிபந்தனையுள்ளதாக மாற்றினார்கள்.

அதே 2018இல் வந்த இன்னொரு ஆய்வைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக்கில் பெருங்குடல் ஆபரேஷன் நடக்கும் தியேட்டர்களில் இரண்டு வாரம் எல்லோருக்கும் 30 சதவீதம், அடுத்த இரண்டு வாரம் எல்லோருக்கும் 80 என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். மூன்று ஆண்டுகளுக்கு மேல், 5,749 ஆபரேஷன்கள். காயம் பழுத்தல் முதலான சிக்கல்கள் ஒரு பக்கம் 10.8 சதவீதம், மறு பக்கம் 11. இதை நடத்திய ஆண்ட்ரியா கர்ஸும் டேனியல் செஸ்லரும் 2000ஆம் ஆண்டு ஆய்வைச் செய்த அதே குழுவைச் சேர்ந்தவர்கள். தங்களுக்குப் பெயர் வாங்கித் தந்த முடிவைத் தாங்களே பத்து மடங்குக்கு மேல் பெரிய தராசில் நிறுத்தி, எடை குறைந்ததை ஒளிக்காமல் எழுதினார்கள்.

ஹன்ட் சொன்னது தவறா? வெள்ளை அணுவுக்கு ஆக்சிஜன் வேண்டும் என்பதில் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் அணை நிரம்பி வழிந்தாலும் மதகு மூடியிருந்தால் கடைமடைக்குத் தண்ணீர் போகாது. குளிர், வலி, ரத்த இழப்பு, சிகரெட் எல்லாமே தோலின் ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறவை. மயக்கத்தில் உடம்பு தன் சூட்டைக் காக்கத் தெரியாமல் கிடக்கிறது. ஏசி அறையில், வயிறு திறந்த நிலையில், ஒன்றிரண்டு டிகிரி சட்டென்று இறங்கிவிடும். இதே கர்ஸும் செஸ்லரும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், உடம்புச் சூடு 34.7 டிகிரி செல்சியஸுக்கு இறங்க விடப்பட்டவர்களில் 19 சதவீதம் பேருக்குக் காயம் பழுத்தது. 36.6இல் வைத்துக் காப்பாற்றியவர்களில் 6 சதவீதம் பேருக்கு. அதுவும் 200 பேரிடம் செய்த சிறிய ஆய்வுதான் என்பதை மறக்கவில்லை. 2022இல் ஐயாயிரம் பேரிடம் பார்த்தபோது 35.5க்கும் 37க்கும் இடையே வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே கொதிக்கக் கொதிக்கச் சூடேற்ற வேண்டியதில்லை, 35.5க்குக் கீழே போக விடாமல் இருந்தால் சரி.

அதற்கென்று மருத்துவமனைகளில் வெங்காற்றுப் போர்வை இருக்கிறது. மெல்லிய மெத்தை போன்ற உறைக்குள் ஒரு குழாய் வழியாக வெதுவெதுப்பான காற்று ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் தியேட்டருக்கு வெளியே ஸ்ட்ரெச்சரில், மெல்லிய பச்சைத் துணியோடு காத்திருக்கும்போதே குளிர் தொடங்கிவிடுகிறது. டாக்டரிடமும் நர்ஸிடமும் அதைச் சொல்லக் கூச்சப்பட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பவர்கள் நம்மில் அதிகம். பிரிட்டனின் நைஸ் அமைப்பு வெளியிட்ட வழிகாட்டியில் இதற்கென்றே ஒரு வரி உண்டு. ஆபரேஷனுக்கு முன்போ பின்போ எப்போது குளிர்ந்தாலும் உடனே சொல்ல வேண்டும் என்று நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.