வீட்டுப் பொறியும் தொலைப் பொறியும்

சென்னை மாநகரின் வடபுறத்தே, செங்குன்றத்தை அடுத்து அமைந்துள்ளது புழல். பழந்தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களுள் ஒன்று இவ்வூரின் பெயரால் புழற்கோட்டம் என வழங்கிற்று. இன்று புழல் என்றவுடன் நினைவுக்கு வருவது, 3,300 மில்லியன் கன அடி நீரைத் தாங்கவல்ல அதன் பேரேரியே ஆகும். முற்காலத்தில் சென்னை மக்கள் தத்தம் வீட்டுக் கிணற்றையும் ஊர்ப் பொதுக் கிணற்றையுமே நம்பி வாழ்ந்தனர். 1772-ஆம் ஆண்டில் அமைந்த கிணறுகள் புனித ஜார்ஜ் கோட்டைக்கு நீர் அளித்தன. அவ்விடம் இன்றும் ஏழு கிணறு என்றே அழைக்கப்படுகின்றது. பின்னர், 1870-களில் புழல் ஏரியின் நீரை நகருக்குக் கொணரும் திட்டம் நிறைவேறிற்று. 1914-ஆம் ஆண்டில் கீழ்ப்பாக்கத்தில் நீரைத் தூய்மை செய்யும் நிலையமும் எழுந்தது. அதன்பின், கிணறு தோண்ட இடமும் பொருளும் இல்லாதவர்களும் குழாயைத் திறந்து நீர் பெறலாயினர்.

கிணறு வீட்டாரின் உடைமை. தோண்டுவதற்குச் செலவு மிகுதி. தோண்டியபின் பிறர் தயவு வேண்டுவதில்லை. குழாய்க்குத் தொடக்கச் செலவு குறைவு. ஆயினும் ஏரியில் நீர் இருத்தல் வேண்டும். வழியில் அடைப்பு இன்றி இருத்தல் வேண்டும். திறந்துவிடுவோர் திறந்துவிடவும் வேண்டும். நீரைப் பொறுத்தவரை பழகிப்போன இவ்வேறுபாடு, இன்று மின்னணு விளையாட்டு உலகில் புதிதாகத் தோன்றியுள்ளது. வீட்டில் வைத்து ஆடும் 'கன்சோல்' என்னும் விளையாட்டுப் பொறி கிணற்றைப் போன்றது. 'கிளவுட் கேமிங்' எனப்படும் மேக விளையாட்டு குழாயைப் போன்றது. தொலைவில் நிற்கும் பொறி, வீட்டில் நிற்கும் பொறிக்கு ஈடாகுமா என்பதே இன்று எழுந்துள்ள வினா.

முதலில் வீட்டுப் பொறியின் இயல்பை அறிதல் வேண்டும். 1972-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 'ஒடிசி' என்னும் பொறி விற்பனைக்கு வந்தது. தொலைக்காட்சியுடன் இணைத்து வீட்டில் ஆடும் பொறிகளுள் அதுவே முதலாவது. அன்று முதல் இன்றுவரை பொறிகளின் ஆற்றல் பன்மடங்கு பெருகியுள்ளதேயன்றி, அடிப்படை மாறவில்லை. ஆடுவோர் கைக்கருவியின் பொத்தானை அழுத்துகின்றனர். பெட்டிக்குள் இருக்கும் கணிப்பான் அதற்கேற்ற படத்தை உடனே வரைந்து திரைக்கு அனுப்புகின்றது. இவ்வாறு விநாடிக்கு 30 அல்லது 60 படங்கள் தோன்றுகின்றன. கட்டளையும் கணக்கீடும் காட்சியும் ஒரே அறைக்குள் முடிந்துவிடுகின்றன. 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த 'பிளேஸ்டேஷன் 2' என்னும் பொறி உலகெங்கும் 15 கோடிக்கு மேல் விற்றது என்பதால், இம்முறை எவ்வளவு வேரூன்றியது என்பது விளங்கும்.

ஆயினும் விலை ஒரு பெருந்தடை. 'பிளேஸ்டேஷன் 5' 2021-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் இந்தியாவுக்கு வந்தபோது, வட்டு இயக்கும் வசதி கொண்ட பொறியின் விலை 49,990 ரூபாய். அதில் ஆடுவதற்குரிய புதிய விளையாட்டுகள் சில, ஒவ்வொன்றும் 4,999 ரூபாய்க்கு விற்கப்பட்டன. இராயபுரத்தில் மீன்பிடித் தொழில் செய்யும் குடும்பத்திற்கோ, திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் ஆலைகளில் நாட்கூலிக்கு உழைக்கும் குடும்பத்திற்கோ இஃது எட்டாக் கனியே.

எட்டாத பொருளைப் பகிர்ந்து துய்க்கும் வழியை மக்கள் முன்பே கண்டிருந்தனர். பர்மாவிலிருந்து திரும்பியோரின் வாழ்வுக்காக 1969-இல் சென்னைத் துறைமுகத்திற்கு எதிரே தோன்றிய பர்மா பஜார், வெளிநாட்டு மின்னணுப் பொருள்களுக்குப் பெயர் பெற்றது. அத்தகைய கடைத்தெருக்களில் பொறியை வாங்கி வைத்துக்கொண்டு, மணிக்கு இவ்வளவு என்று காசு பெற்றுச் சிறுவர்களை ஆடவிட்ட 'வீடியோ கேம்' கடைகள் தமிழகத்து ஊர்கள் பலவற்றில் இருந்தன. பொறி கடைக்காரருடையது, ஆடும் நேரம் மட்டுமே சிறுவனுடையது. மேக விளையாட்டும் இக்கடையைப் போன்றதே. வேறுபாடு ஒன்றுதான்: கடை அடுத்த தெருவில் இல்லை, பல நூறு கல் தொலைவில் இருக்கின்றது.

அது நிகழும் முறையாவது: தரவு மையம் எனப்படும் பெருங்கட்டடத்தில் ஆற்றல் மிக்க கணிப்பொறிகள் வரிசையாக நிற்கின்றன. வீட்டிலுள்ளவர் பொத்தானை அழுத்தியவுடன், அக்கட்டளை இணையத்தின் வழியே அம்மையத்தை அடைகின்றது. அங்குள்ள பொறி படத்தை வரைந்து, அதைச் சுருக்கி, திரும்ப அனுப்புகின்றது. வீட்டிலுள்ள கைப்பேசியோ தொலைக்காட்சியோ அதனை விரித்துக் காட்டுகின்றது. வீட்டுக் கருவிக்குப் பேராற்றல் வேண்டுவதில்லை. படத்தை விரித்துக் காட்டத் தெரிந்தால் போதும்.

'திரைப்படங்கள் இணையத்தின் வழியே தடையின்றி வருகின்றனவே. விளையாட்டும் அவ்வாறே வரலாகாதோ?' என்று சிலர் வினவலாம். இங்கேதான் நுட்பமான வேறுபாடு ஒன்று உள்ளது. திரைப்படத்தின் அடுத்த காட்சி இன்னதென முன்பே முடிவானது. ஆதலின் கருவி அதனைச் சற்று முன்னதாகவே வாங்கிச் சேர்த்துக்கொள்கின்றது. குழாயில் நீர் நின்றபோதும், மேல்நிலைத் தொட்டியில் நிரப்பி வைத்த நீர் வீட்டுக்கு உதவுவது போல, இணையம் சிறிது நேரம் தடைப்பட்டாலும் படம் நில்லாமல் ஓடுகின்றது. விளையாட்டுக்கு அத்தகைய தொட்டி இல்லை. ஆடுவோர் இடப்புறம் திரும்புவரோ வலப்புறம் திரும்புவரோ என்பது பொத்தானை அழுத்தும் வரை எவருக்கும் தெரியாது. வரையப்படாத படத்தைச் சேமித்து வைப்பது எங்ஙனம்? ஒவ்வொரு கட்டளையும் போய், ஒவ்வொரு படமும் வந்தே தீரவேண்டும்.

அந்தப் போக்குவரவுக்கு ஆகும் நேரத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒளியிழை வடத்தில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் விரைகின்றது. சென்னையிலிருந்து மும்பைக்கு வடம் செல்லும் வழியைச் சுமார் 1,300 கிலோமீட்டர் எனக் கொண்டால், போய்வர 13 மில்லி விநாடி ஆகும். அதாவது, ஒரு விநாடியை ஆயிரம் கூறாக்கினால் அவற்றுள் 13 கூறு. 2002-இல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே இடப்பட்ட கடலடி வடத்தின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். அதன் வழியே போய்வர 32 மில்லி விநாடி ஆகும். விநாடிக்கு 60 படங்கள் தோன்றும் விளையாட்டில் ஒரு படத்திற்குரிய நேரம் ஏறக்குறைய 17 மில்லி விநாடியே. எனவே சிங்கப்பூர்ப் பொறியோடு ஆடுபவர், வேறெந்தத் தடையும் இல்லாத நிலையிலும், இரண்டு படங்களுக்கு நெருங்கிய காலம் பின்தங்குகின்றார். படத்தைச் சுருக்கவும் விரிக்கவும், வழியிலுள்ள நிலையங்களைக் கடக்கவும் ஆகும் நேரம் இதன்மேல் கூடும். வீட்டுப் பொறியிலும் சிறிது தாமதம் உண்டு. ஆயினும் அதனோடு இந்தப் பயண நேரம் சேர்வதில்லை. சதுரங்கம் போன்ற ஆட்டங்களில் இத்தாமதம் புலப்படாது. பந்து வரும் கணத்தில் மட்டையை வீசவேண்டிய கிரிக்கெட் விளையாட்டில் இதுவே வெற்றியையும் தோல்வியையும் தீர்மானித்துவிடும். தாமதம் ஒரே அளவாக இருந்தால் கை அதற்குப் பழகிக்கொள்ளும். ஒரு கணம் குறைந்தும் மறுகணம் மிகுந்தும் வருமாயின், எத்துணைத் தேர்ந்தவரும் தடுமாறுவர்.

அடுத்துக் கருதவேண்டியது அளவு. தெளிவான படத்துக்கு விநாடிக்கு 20 மெகாபிட் வேண்டும் எனக் கொள்வோர், ஒரு மணி நேரத்தில் 9 ஜிகாபைட் செலவிடுகின்றனர். கைப்பேசித் திட்டத்தில் நாளொன்றுக்கு 2 ஜிகாபைட் பெறுபவர் இவ்வாறு ஆடினால், அப்பங்கு 14 நிமிடங்களுக்குள் தீர்ந்துவிடும். ஆகவே பொறி வாங்கும் செலவு குறைந்தாலும், கம்பிவழி அகலக்கற்றை இணைப்பு இல்லாத வீட்டில் இவ்விளையாட்டு நிலைப்பது அரிது. குறுகிய சந்துகள் நிறைந்த வடசென்னையில், அவ்விணைப்பு எந்தச் சந்து வரை வந்துள்ளது என்பதே முதல் வினாவாகும்.

சேவை நடத்துவோருக்கும் ஒரு சிக்கல் உண்டு. ஒரே பொறியைக் காலையில் ஒருவரும் மாலையில் மற்றொருவரும் பயன்படுத்தினால் செலவு குறையும் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் பள்ளியும் பணியும் முடிந்து, மக்கள் பெரும்பாலும் ஒரே மாலை வேளையிலேயே ஆட வருகின்றனர். காலையில் எல்லா வீட்டாரும் ஒருங்கே குழாயைத் திறந்தால் நீரின் வேகம் குன்றுவது போன்றது இது. இந்தியாவில் மாலையாக இருக்கும்போது அமெரிக்காவின் பெரும்பகுதியில் காலை. அங்குள்ள பொறிகள் அப்போது வேலையின்றி இருக்கலாம். எனினும் சென்னையிலிருந்து அங்கே போய்வர 200 மில்லி விநாடிக்கு மேலாகும். தொலைவு அவற்றைப் பயனற்றவை ஆக்குகின்றது. ஆகவே ஒவ்வொரு வட்டாரத்திற்கும், மாலைக் கூட்டத்திற்குப் போதுமான பொறிகளைத் தனித்தனியே நிறுவவேண்டியுள்ளது. புழலுக்கு அண்மையிலுள்ள அம்பத்தூரிலும், தெற்கே சிறுசேரியிலும் தரவு மையங்கள் எழுந்துள்ளன. ஆயினும் மையம் அருகில் இருப்பது மட்டும் போதாது. விளையாட்டுக்குரிய பொறிகள் அங்கே வைக்கப்படுதலும் வேண்டும்.

இத்துறையின் வரலாறு இவ்விடர்களை மெய்ப்பிக்கின்றது. 2010-இல் அமெரிக்காவில் தொடங்கிய 'ஆன்லைவ்' என்னும் சேவை 2015-இல் மூடப்பட்டது. கூகுள் நிறுவனம் 2019 நவம்பரில் தொடங்கிய 'ஸ்டேடியா', இந்தியாவுக்கு வராமலே, 2023 ஜனவரி 18-ஆம் நாள் நின்றது. எனினும் முயற்சி ஓயவில்லை. இந்தியாவில் ஜியோ நிறுவனம் 2022-இல் இத்தகைய சேவையை வெள்ளோட்டமாகத் தொடங்கிற்று. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025-இல் தன் சேவையை இந்நாட்டிற்கும் விரித்தது. கன்சோல் செய்து விற்கும் அந்நிறுவனமே மேக விளையாட்டையும் நடத்துவது கருதத்தக்கது. ஒன்று மற்றொன்றை அழித்துவிடும் என்று அதனை ஆக்குவோரே எண்ணவில்லை போலும்!

ஸ்டேடியாவின் முடிவு வேறொரு பாடத்தையும் புகட்டிற்று. அதில் விலை கொடுத்து விளையாட்டுகளை வாங்கியோர் பலர். சேவை நின்றவுடன் அவ்விளையாட்டுகளும் மறைந்தன. கூகுள் நிறுவனம் அவற்றின் விலையைத் திருப்பித் தந்தது உண்மையே. ஆயினும் எல்லா நிறுவனங்களும் அவ்வாறு தரும் என்பதற்கு உறுதி இல்லை. வட்டாக வாங்கிய விளையாட்டை நண்பருக்கு இரவல் கொடுக்கலாம்; விற்கவும் செய்யலாம். மேகத்தில் ஆடுவோர்க்கு அவ்வுரிமை இல்லை. எனினும் வீட்டுப் பொறியே முழு உரிமை தரும் என்று எண்ணுதலும் பிழையாம். வட்டு இயக்கும் வசதியே இல்லாத கன்சோல்கள் இன்று விற்கப்படுகின்றன. நிண்டெண்டோ நிறுவனம் தன் பழைய பொறிகள் இரண்டிற்குரிய இணையக் கடையை 2023 மார்ச்சில் மூடியது; அக்கடையில் மட்டுமே கிடைத்த விளையாட்டுகளைப் புதிதாக வாங்க வழியில்லாது போயிற்று. கிணற்றின் மூடிக்கும் பூட்டு வந்துவிட்டது எனலாம்.

இவற்றையெல்லாம் சீர்தூக்கினால் முடிவு விளங்கும். 50,000 ரூபாய் செலவிட இயலாத வீட்டிற்கு, நல்ல இணைப்பும் அருகிலேயே பொறியும் வாய்க்குமாயின், மேக விளையாட்டு ஒரு புதிய வாயிலைத் திறக்கின்றது. விரைவான ஆட்டத்தை விரும்புவோர்க்கும், இணைப்பு உறுதியற்ற இடத்தில் வாழ்வோர்க்கும், வாங்கியதைத் தம்மிடமே வைத்திருக்க விழைவோர்க்கும் வீட்டுப் பொறியே உகந்தது. தொலைப் பொறி வீட்டுப் பொறியோடு போட்டியிட வல்லது. ஆயின் அப்போட்டியின் வெற்றி பொறியின் ஆற்றலால் அன்று, வழியின் ஆற்றலாலேயே அமையும்.

2019-ஆம் ஆண்டுக் கோடையில் புழல் ஏரி வறண்டது. சோலையார்பேட்டையிலிருந்து இரயிலில் ஏற்றிய நீர், சூலைத் திங்களில் வில்லிவாக்கத்தை வந்தடைந்தது. ஏரி நிறைந்திருந்த நாளில், குழாய் இருக்கக் கிணறு எதற்கு என்று அதனைத் தூர்த்தவர்கள், அவ்வாண்டு குடத்தை ஏந்தித் தெருவில் நின்றனர். கிணற்றைப் பேணி, மழைநீரை அதில் சேர்த்து வந்தோர் சிலர் ஓரளவேனும் தப்பினர். விளையாட்டு, நீரைப் போல உயிர்நிலைப் பொருள் அன்று. எனினும் புத்தகமும் இசையும் பாடமும்கூட இன்று தொலைப் பொறிகளிலிருந்தே வருகின்றன. ஒன்றை வாங்கும்போது, தமக்குக் கிடைப்பது பொருளா, அன்றிப் பிறர் திறந்துவிடும் வரை ஓடும் நீரா என்று கேட்டறிந்து கொள்ளுதல் இளைஞர்க்கு நன்மை பயக்கும்.