டிராம்பேயின் கதிரை ஏழைகளிடம் சேர்த்தவர்: டாக்டர் கேதயுன் தின்ஷா விட்டுச் சென்ற பணிகளும் கேள்விகளும்

புது தில்லி: மத்திய பட்ஜெட்டின் மானியக் கோரிக்கைகளைப் புரட்டுவோருக்கு ஒரு விநோதம் கண்ணில் படும். நாட்டின் முதன்மையான புற்றுநோய் சிகிச்சை நிறுவனமான மும்பை டாடா நினைவு மையத்துக்கான நிதி, சுகாதார அமைச்சகத்தின் கணக்கில் இடம்பெறுவதில்லை. அணு உலைகள், கனநீர் ஆலைகள் ஆகியவற்றோடு சேர்த்து அணுசக்தித் துறையின் கணக்கில்தான் அது வருகிறது. வழக்கமாகப் பிரதமரே பொறுப்பு வகிக்கும் துறை இது.

மருத்துவமனைக்கும் அணு உலைக்கும் என்ன உறவு? டிராம்பேயில் ஆராய்ச்சிக்காகச் செலவிடப்படும் மக்கள் பணம், பரேலில் நடைபாதையில் படுத்துக் காத்திருக்கும் நோயாளிக்கு எவ்வாறு பயன்படுகிறது? இக்கேள்விகளுக்குத் தமது பணியையே விடையாக்கிக் காட்டியவர்களுள் ஒருவர் டாக்டர் கேதயுன் தின்ஷா. கதிர்வீச்சு சிகிச்சை நிபுணரான அவர் 1995-ல் டாடா நினைவு மருத்துவமனையின் இயக்குநரானார். 2011 ஆகஸ்ட் 26-ல் புற்றுநோயாலேயே காலமானார்.

வேலூரில் தொடக்கம்

1943-ல் பார்சி குடும்பம் ஒன்றில் பிறந்த தின்ஷாவின் மருத்துவக் கல்வி தமிழகத்தில் அமைந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1966-ல் பட்டம் பெற்றார். பெண்களுக்கு மருத்துவம் கற்பிப்பதற்காக ஐடா ஸ்கட்டர் 1918-ல் தொடங்கிய பள்ளி வளர்ந்து உருவான கல்லூரி அது. ஏழை நோயாளிகளுக்கான சேவையைப் பாடத்திட்டத்தின் பகுதியாகவே கருதும் மரபு கொண்டது.

பின்னர் இங்கிலாந்து சென்ற அவர், கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள ஆடன்புரூக்ஸ் மருத்துவமனையில் கதிர்வீச்சு சிகிச்சையில் பயிற்சி பெற்றார். 1974-ல் நாடு திரும்பி டாடா நினைவு மருத்துவமனையில் சேர்ந்தார். 1981-ல் அங்கு கதிர்வீச்சு சிகிச்சைத் துறையின் தலைவரானார். 2001-ல் அவருக்கு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

பாபா போட்ட முடிச்சு

சர் தோராப்ஜி டாடா அறக்கட்டளை 1941 பிப்ரவரி 28-ல் பரேலில் இம்மருத்துவமனையைத் திறந்தது. தோராப்ஜியின் மனைவி மெஹர்பாய் 1931-ல் ரத்தப் புற்றுநோயால் இறந்ததே இதற்குப் பின்னணி. 1957-ல் மத்திய சுகாதார அமைச்சகம் மருத்துவமனையை ஏற்றது. 1962-ல் அது அணுசக்தித் துறைக்கு மாற்றப்பட்டது. கதிர்வீச்சும் ஐசோடோப்புகளும் புற்றுநோய் மருத்துவத்தின் அடிப்படைக் கருவிகளாக விளங்கும் என்று கணித்த ஹோமி பாபாவின் தொலைநோக்கே இம்மாற்றத்துக்குக் காரணம்.

அப்போது டிராம்பே வேகமாக வளர்ந்து வந்தது. செம்பூருக்கு அப்பால், மலையும் கழிமுகமும் சந்திக்கும் அந்தப் பகுதியில் 1954-ல் அணுசக்தி நிலையம் தொடங்கப்பட்டது. ஆசியாவின் முதல் அணு உலைகளுள் ஒன்றான அப்சரா 1956 ஆகஸ்ட் 4-ல் அங்கு இயங்கத் தொடங்கியது. 1966-ல் பாபா விமான விபத்தில் இறந்தபின், மறு ஆண்டு அந்த நிலையத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அதன் அங்கமான கதிர்வீச்சு மருத்துவ மையம் டிராம்பேயில் அல்லாமல், பரேலில் டாடா மருத்துவமனையை ஒட்டி 1963 முதல் இயங்கி வருகிறது.

தின்ஷா இயக்குநர் பொறுப்பேற்ற காலத்தில் அணுசக்தி ஆணையத்தின் தலைவராக இருந்தவர் சென்னையில் பிறந்த டாக்டர் ஆர். சிதம்பரம். 1998 பொக்ரான் சோதனைக்காகவே பெரிதும் பேசப்படும் துறையின் மறுபக்கமாகப் பரேல் விளங்கியது.

பாபாட்ரான்

அந்த மறுபக்கத்தின் தெளிவான அடையாளம் பாபாட்ரான் என்னும் கோபால்ட் சிகிச்சைக் கருவி.

இயற்கையான கோபால்ட் உலோகத்தை அணு உலையில் வைத்தால், அது நியூட்ரான்களை ஏற்று கோபால்ட்-60 ஆக மாறுகிறது. அதிலிருந்து வெளிப்படும் காமா கதிர்களைக் குறிபார்த்துச் செலுத்திப் புற்றுத் திசுக்களை அழிப்பதே கோபால்ட் சிகிச்சை. கதிர் தரும் உலோகம் ராஜஸ்தானிலுள்ள ராவத்பாட்டா உள்ளிட்ட உள்நாட்டு உலைகளிலேயே கிடைத்தது. ஆனால், அதைப் பயன்படுத்தும் கருவிகளை வெளிநாட்டிலிருந்து வாங்க வேண்டியிருந்தது. விலை அதிகம், பழுதானால் உதிரி பாகங்களுக்குக் காத்திருப்பதும் அதிகம். கருவி நின்றுபோகும் நாள்களில் நோயாளியின் சிகிச்சையும் நின்றுபோகும். தவணை தவறும் கதிர்வீச்சு சிகிச்சை, பலன் குறைந்த சிகிச்சை.

தின்ஷாவின் தலைமையில் டாடா மையம் இயங்கிய காலத்தில், பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பொறியாளர்களும் டாடா மையத்தின் மருத்துவர்கள், மருத்துவ இயற்பியலாளர்களும் இணைந்து உள்நாட்டுக் கருவியை உருவாக்கினர். மின்தடை ஏற்பட்டாலும் பேட்டரியில் இயங்கும் வசதி அதில் உண்டு. இறக்குமதிக் கருவிகளைவிட விலையும் குறைவு. தொழில்நுட்பம் பெங்களூர் நிறுவனம் ஒன்றுக்கு வழங்கப்பட்டு, கருவிகள் பல மாநில மருத்துவமனைகளில் நிறுவப்பட்டன. சர்வதேச அணுசக்தி முகமையின் புற்றுநோய்த் திட்டத்தின் வாயிலாக வியட்நாமுக்கு ஒரு கருவியை இந்தியா நன்கொடையாக அளித்தது.

இதற்கு வரம்புகளும் உண்டு. கோபால்ட்-60-ன் அரை ஆயுள் 5.27 ஆண்டுகள். மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சதவீதம் கதிரின் வலு குறைகிறது. மூலத்தை உரிய காலத்தில் மாற்றாவிட்டால், ஒவ்வொரு நோயாளியும் கருவியின்கீழ் படுத்திருக்க வேண்டிய நேரம் நீள்கிறது. ஒரு நாளில் சிகிச்சை பெறுவோர் எண்ணிக்கை சுருங்குகிறது. பழைய மூலங்களைப் பாதுகாப்பாகத் திரும்பப் பெறுவதும் அவசியம். தில்லிப் பல்கலைக்கழகம் ஏலம் விட்ட பழைய ஆய்வகக் கருவியில் இருந்த கோபால்ட்-60, 2010-ல் மாயாபுரி பழைய இரும்புச் சந்தையை அடைந்து ஒருவரின் உயிரைப் பறித்தது நினைவுகூரத்தக்கது.

இக்காரணங்களால் பெரிய தனியார் மருத்துவமனைகள் லீனியர் ஆக்சிலரேட்டர் கருவிகளுக்கு மாறிவிட்டன. ஆயினும் பத்து லட்சம் பேருக்கு ஒரு கருவியேனும் தேவை என்ற அளவுகோலை இந்தியா இன்னும் எட்டவில்லை. மின்சாரமும் பராமரிப்பும் நிச்சயமில்லாத ஊர்களில் எளிய கருவியின் தேவை தீர்ந்துவிடவில்லை.

ஆசிரியராக

கதிர்வீச்சு சிகிச்சையில் தனி மருத்துவரின் கைத்திறன் மட்டும் போதாது. மருத்துவர் முடிவு செய்யும் அளவை இயற்பியலாளர் கணக்கிட வேண்டும். தொழில்நுட்பர் அதை நாள்தோறும் ஒரே இடத்தில், ஒரே அளவில் செலுத்த வேண்டும். மூவரில் எவர் பிழை செய்தாலும் பாதிப்பு நோயாளிக்கே. இந்த மூன்று பிரிவினரையும் ஒரே துறையில் பயிற்றுவித்து, நாடெங்கும் அனுப்பும் நாற்றங்காலாக டாடா மையத்தின் கதிர்வீச்சுப் பிரிவு விளங்கியது. கால் நூற்றாண்டுக்கு மேல் அப்பிரிவையும் பின்னர் மையத்தையும் வழிநடத்திய தின்ஷாவுக்கு அதில் பெரும் பங்கு உண்டு.

சான்றுகளின் அடிப்படையில் சிகிச்சை முறைகளை வகுப்பதற்கான ஆண்டுக் கருத்தரங்குகள் 2003-ல் அவரது காலத்திலேயே தொடங்கின. மூத்த மருத்துவர் சொல்வதே இறுதி என்ற வழக்கத்தின் இடத்தில், ஆய்வு முடிவு என்ன சொல்கிறது என்று கேட்கும் பழக்கத்தை அவை வளர்த்தன. நவி மும்பையின் கார்கரில் 60 ஏக்கரில் புற்றுநோய் ஆராய்ச்சி வளாகம் எழுந்தது. 2005-ல் ஹோமி பாபா தேசிய நிறுவனம் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானபோது டாடா மையமும் அதன் உறுப்பானது.

ஒரு சொட்டு அமிலம்

கருவிகளால் புகழ்பெற்ற மருத்துவமனை, கருவியே தேவைப்படாத ஒரு சோதனைக்காகவும் உலகின் கவனத்தை ஈர்த்தது. மும்பையின் குடிசைப் பகுதிகளில் 1998-ல் தொடங்கிய ஆய்வு அது. 35 முதல் 64 வயது வரையிலான ஏறத்தாழ 1.5 லட்சம் பெண்கள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கருப்பை வாய்ப் பரிசோதனையும் மார்பகப் பரிசோதனையும் செய்யப்பட்டன. மற்றக் குழுவினருக்கு விழிப்புணர்வுக் கல்வி மட்டும் அளிக்கப்பட்டது.

கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவினால், சந்தேகத்துக்குரிய இடம் வெண்மையாகத் தெரியும். சமையலறை வினிகரில் இருக்கும் அதே அமிலம். ஆய்வகமும் நுண்ணோக்கியும் தேவையில்லை. மருத்துவர் அல்லாத, குறுகிய காலப் பயிற்சி பெற்ற பெண் ஊழியர்களே இதைச் செய்தனர்.

டாக்டர் சுரேந்திர சாஸ்திரி தலைமையிலான குழு 2013-ல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் மாநாட்டில் முடிவை வெளியிட்டது. பரிசோதிக்கப்பட்ட குழுவில் கருப்பை வாய்ப் புற்றுநோய் இறப்பு 31 சதவீதம் குறைந்திருந்தது. மார்பகப் பரிசோதனையின் 20 ஆண்டு முடிவு 2021-ல் வெளியானது. நோய் முன்னதாகவே கண்டறியப்பட்டதையும், 50 வயதைக் கடந்த பெண்களிடையே இறப்பு சுமார் 30 சதவீதம் குறைந்ததையும் அது காட்டியது. எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தபோது குறைவு உறுதிப்படவில்லை. தமது காலத்தில் தொடங்கிய ஆய்வின் இந்த இரு முடிவுகளையும் காண தின்ஷா உயிருடன் இல்லை.

இதே முறையிலான ஆய்வு திண்டுக்கல் மாவட்டத்திலும் 2000-ல் தொடங்கி நடைபெற்றது. ஒரே ஒரு முறை செய்த பரிசோதனையே இறப்பை 35 சதவீதம் குறைத்ததாக 2007-ல் அறிவிக்கப்பட்டது.

தீராத விவாதம்

பாராட்டோடு கடும் விமர்சனமும் எழுந்தது. பயனுள்ள பரிசோதனை முறைகள் உலகில் ஏற்கெனவே இருக்கும்போது, ஆயிரக்கணக்கான ஏழைப் பெண்களைப் பரிசோதிக்காமல் விட்டு இறப்புகளை எண்ணுவது அறமா என்று அமெரிக்க மருத்துவர் எரிக் சூபா போன்றோர் கேட்டனர். மும்பை, உஸ்மானாபாத், திண்டுக்கல் ஆகிய மூன்று ஆய்வுகளிலும் பரிசோதிக்கப்படாத குழுக்களில் 254 பெண்கள் இந்நோயால் இறந்ததை அவர்கள் சுட்டிக்காட்டினர். மும்பை ஆய்வுக்கு நிதி அளித்தது அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம். பங்கேற்ற பெண்களுக்குப் போதிய தகவல் தரப்படவில்லை என்று அந்நாட்டின் மனித ஆய்வுப் பாதுகாப்பு அலுவலகமும் கருதியது.

அக்காலத்தில் இந்தியாவில் பெரும்பாலான பெண்களுக்கு எவ்விதப் பரிசோதனையும் கிடைக்கவில்லை. எளிய முறை பலன் தரும் என்று நிரூபிக்காமல் அரசை அசைக்க இயலாது என்பது ஆய்வாளர் தரப்பின் வாதம். ஒப்பீட்டுக் குழுவில் இறந்த பெண்களின் குடும்பங்களுக்கு இந்த வாதம் ஆறுதல் தராது. அவர்களின் இழப்பால் கிடைத்த சான்று பிற பெண்களுக்குப் பயன்பட்டதா என்று கேட்கும் பொறுப்பேனும் அரசுகளுக்கு உண்டு.

செய்யாத பணி

பதில் மகிழ்ச்சி தருவதாக இல்லை. அசிட்டிக் அமில முறையில் 30 முதல் 65 வயது வரையிலான பெண்களைப் பரிசோதிக்க வேண்டும் என்று மத்திய அரசு 2016-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆனால், 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 30 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் கருப்பை வாய்ப் பரிசோதனை ஒருமுறையேனும் செய்துகொண்டவர்கள் 1.9 சதவீதம் மட்டுமே. தேனி, தஞ்சாவூரில் முன்னோட்டம் நடத்தி, பிறகு மாநிலம் முழுவதும் விரிவுபடுத்திய தமிழகத்தில் இது 9.8 சதவீதம். தேசிய சராசரியைவிட ஐந்து மடங்கு என்றாலும், பத்துப் பெண்களில் ஒருவர்கூட இல்லை. நாட்டில் ஆண்டுதோறும் சுமார் 1.25 லட்சம் பெண்கள் இந்நோய்க்கு ஆளாகின்றனர். 75 ஆயிரத்துக்கும் அதிகமானோர் இறக்கின்றனர்.

சோதனையின் செலவு இங்கு தடையல்ல. சோதனை செய்யும் செவிலியருக்கு நேரமும் தனியறையும் வேண்டும். அறிகுறி தென்பட்ட பெண் மாவட்ட மருத்துவமனைக்குச் சென்று சேர்ந்தாரா என்று தொடர்ந்து கவனிக்க ஆள் வேண்டும். இவை இயந்திரம் வாங்குவதைப்போல் திறப்பு விழாவுக்கு உதவுவன அல்ல.

டாடா மையத்தை மையமாகக் கொண்டு 2012-ல் உருவான தேசியப் புற்றுநோய் இணையத்தில் 300-க்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் இணைந்துள்ளன. வாராணசி, சங்ரூர், விசாகப்பட்டினம், குவாஹாட்டி என மையத்தின் கிளைகள் பரவியுள்ளன. புற்றுநோயை அறிவிக்க வேண்டிய நோயாகப் பட்டியலிடுமாறு நாடாளுமன்ற சுகாதார நிலைக்குழு 2022 செப்டம்பரில் பரிந்துரைத்தது. மாவட்ட மருத்துவமனைகள் அனைத்திலும் மூன்று ஆண்டுகளில் பகல்நேரப் புற்றுநோய் மையங்கள் அமைக்கப்படும் என்று 2025-26 பட்ஜெட் அறிவித்தது.

அந்த மையங்கள் மருந்து ஏற்றும் இடங்களாக மட்டும் அமையுமா, நோயை முன்னதாகக் கண்டறியும் இடங்களாகவும் அமையுமா என்பதை இனி வரும் மானியக் கோரிக்கை விவாதங்களில் உறுப்பினர்கள் கேட்டாக வேண்டும். வேலூரில் படித்து, டிராம்பேயின் பொறியாளர்களைத் துணைகொண்டு, பரேலில் பணியாற்றிய மருத்துவரின் காலத்தில் கருவியும் வந்தது, சான்றும் தேடப்பட்டது. அவற்றைக் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையம் வரை கொண்டு சேர்க்கும் வேலை அரசுகளுடையது. அது இன்னும் பாக்கி இருக்கிறது.