மேடைக்கு ஒரு கிளிக்கர் வாங்குமுன்

"ஸ்லைடு நகர்த்த நல்லதா ஒரு கிளிக்கர் வாங்கணும், எதை வாங்கறதுங்க?" என்று கல்லூரிக் கருத்தரங்குப் பொறுப்பாளர்களும் தொழில் அமைப்புகளின் செயலாளர்களும் கேட்பதுண்டு. அவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இரண்டு கேள்விகள்தான். அதை யார் கையில் கொடுக்கப் போறீங்க? எந்த அரங்கத்தில்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது. டீ சொல்லியாச்சு, உட்காருங்க. நிதானமாகவே பேசலாம்.

நம்ம ஊர் மேடைகளில் ஏறுகிறவர்களில் பலர் பேச்சைத் தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர். கோவையில் 1956இல் தொடங்கிய ஜவுளி ஆராய்ச்சி அமைப்பான சிட்ரா, அதே துறையைச் சேர்ந்த அகமதாபாத்தின் அட்டிரா, மும்பையின் பிட்ரா, காசியாபாத்தின் நிட்ரா ஆகியவற்றோடு சேர்ந்து கூட்டுத் தொழில்நுட்ப மாநாடு நடத்துகிறது. அங்கே நூற்பைப் பற்றிப் பேச வருகிறவருக்கு ஸ்பின்டிலும் பஞ்சும் அத்துப்படி. மேடை அத்துப்படியாக இருக்கவேண்டும் என்பதில்லை. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் சொட்டுநீர் அனுபவத்தைச் சொல்ல வரும் விவசாயி, பெருந்துறைக் கல்லூரியில் முதல் ஆய்வுக் கட்டுரை வாசிக்கும் மாணவி எல்லோரும் இந்த வரிசைதான். அவர்கள் கையில் கிளிக்கர் வந்து சேர்வது மேடை ஏறும் நிமிடத்தில். பழகிப் பார்க்க நேரம் கிடையாது. ஆகவே அரங்கத்துக்கென்று வாங்கும் கிளிக்கரை, அனுபவம் மிகக் குறைந்தவரை மனதில் வைத்துத் தேர்ந்தெடுங்கள். அவருக்குச் சரியாக வந்தால் மற்ற எல்லோருக்கும் சரியாக வரும்.

முதலில் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். கையில் இருப்பது ஒரு குட்டி கீபோர்டு. லேப்டாப்பில் செருகும் ரிசீவர், "நான் ஒரு கீபோர்டு" என்றுதான் கணினியிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறது. முன்னே போகும் பொத்தானை அழுத்தினால் 'பேஜ் டவுன்' விசை போகிறது, பின்னே வரும் பொத்தானுக்கு 'பேஜ் அப்'. திரையைக் கறுப்பாக்கும் பொத்தான் ஒரு புள்ளியையோ 'பி' எழுத்தையோ அனுப்புகிறது. அதனால்தான் தனியாக மென்பொருள் எதுவும் ஏற்றாமல் பவர்பாயிண்டிலும் பிடிஎஃபிலும் அது ஓடுகிறது.

பல கோளாறுகளுக்குக் காரணம் இதிலேயே இருக்கிறது. கீபோர்டு விசை எப்போதும் திரையில் முன்னால் நிற்கும் ஜன்னலுக்குத்தான் போகும். பேச்சின் நடுவே வைரஸ் தடுப்பு மென்பொருள் ஒரு அறிவிப்புப் பெட்டியைத் திறந்தாலோ, ஸ்லைடுக்குள் இருக்கும் வீடியோவை யாராவது மவுஸால் தொட்டிருந்தாலோ, பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் ஸ்லைடு நகராமல் போகலாம். கிளிக்கர் கெட்டுவிட்டது என்று நினைத்துப் பேட்டரியை மாற்றுவார்கள். மாற்றவேண்டியது அது அல்ல. ஸ்லைடின் மேல் மவுஸால் ஒரு முறை சொடுக்கினால் போதும். நிகழ்ச்சிக்கு முன் அறிவிப்புகளை நிறுத்திவைத்தால் அந்தத் தொல்லையும் இல்லை.

அடுத்தது தூரம். பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருப்பது இதைத்தான். லாஜிடெக்கின் ஆர்400க்கு 15 மீட்டர், அதன் ஆர்800க்கும் ஸ்பாட்லைட்டுக்கும் 30 மீட்டர் என்று நிறுவனமே சொல்கிறது. இவை நடுவில் தடையில்லாத வெளியில் அளந்த அளவுகள். அரங்கத்தில் கதை வேறு. இந்தக் கிளிக்கர்களெல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகின்றன. வைஃபையின் ஒரு பகுதி, புளூடூத், வீடியோக்காரர்கள் சட்டையில் மாட்டும் சில கம்பியில்லா மைக்குகள் எல்லாம் புழங்குவது அதே இடத்தில்தான். தீபாவளிக்கு முந்தின நாள் காந்திபுரம் பேருந்து நிலையத்தில் நின்று ஒருவரைக் கூப்பிடுவது போலத்தான். குரல் போகும்; ஆனால் பக்கத்தில் இருப்பவருக்குத்தான் தெளிவாகக் கேட்கும்.

கூட்டமும் ஒரு தடை. மனித உடலில் பெரும்பகுதி தண்ணீர், தண்ணீர் இந்த அலையை நன்றாக உறிஞ்சும். காலையில் காலி அரங்கில் அருமையாக வேலை செய்த கிளிக்கர், நாற்காலிகள் நிரம்பியதும் தடுமாறுவது இதனால்தான். பேச்சாளர் திரும்பி நின்று திரையைப் பார்க்கும்போது கிளிக்கருக்கும் ரிசீவருக்கும் நடுவே அவருடைய உடம்பே வந்துவிடுகிறது.

கோவையின் கொடிசியா போன்ற பெரிய கூடங்களில் லேப்டாப்பை மேடையில் வைப்பதில்லை. கூடத்தின் கடைசியில், ஒலி, ஒளி ஆபரேட்டர்களின் மேசையில் வைக்கிறார்கள். 2010 ஜூன் 23 முதல் 27 வரை உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடும் அதோடு சேர்ந்து தமிழ் இணைய மாநாடும் நடந்த வளாகம் கொடிசியா. அந்த அளவுள்ள கூடத்தில் மேடைக்கும் கடைசி மேசைக்கும் நடுவே உள்ள தூரத்தை ஒரு சாதாரணக் கிளிக்கர் தாண்டும் என்று நம்பக்கூடாது.

இதற்கு வழி, இன்னும் விலை உயர்ந்த கிளிக்கரைத் தேடுவதல்ல. ரிசீவரைப் பேச்சாளருக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். சிறிய அரங்கத்தில் யுஎஸ்பி நீட்டிப்புக் கம்பி போதும். சாதாரணக் கம்பி 5 மீட்டருக்கு மேல் நம்பகமாக வேலை செய்யாது. அதற்கு மேல் வேண்டுமென்றால் உள்ளே மின்னணுச் சுற்று வைத்த 'ஆக்டிவ்' கம்பி வாங்கவேண்டும். இன்னும் தூரமென்றால் நெட்வொர்க் கம்பி வழியாக யுஎஸ்பியை எடுத்துச் செல்லும் எக்ஸ்டெண்டர் இருக்கிறது. ரிசீவரை மேடையின் முன் விளிம்பில், பேச்சாளரின் இடுப்பு உயரத்தில், இரும்புச் சட்டத்தின் மேல் படாமல் ஒட்டிவையுங்கள். ஆயிரம் ரூபாய்க் கம்பி, பத்தாயிரம் ரூபாய்க் கிளிக்கர் தராத நிம்மதியைத் தரும்.

இன்னொரு நுணுக்கம். லேப்டாப்பில் நீல நிறத்தில் இருக்கும் யுஎஸ்பி 3.0 துளையில் வெளிப்புற ஹார்ட் டிஸ்க்கைச் செருகி, அதை ஒட்டிய துளையில் கிளிக்கர் ரிசீவரைச் செருகினால் தூரம் சட்டென்று குறையலாம். யுஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது எழும் மின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் பரவுகிறது என்று இன்டெல் நிறுவனமே 2012இல் ஒரு அறிக்கையில் விளக்கியிருக்கிறது. ரிசீவரை மறுபக்கத் துளைக்கு மாற்றுங்கள், அல்லது ஒரு முழக் கம்பியில் தள்ளி வையுங்கள்.

வாங்கிய பிறகு சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. 1 முதல் 30 வரை ஸ்லைடுக்கு ஒரு எண் மட்டும் பெரிதாகப் போட்டு ஒரு கோப்பு செய்துகொள்ளுங்கள். ஒருவர் மேடையின் இடது மூலையில் நின்று, கிளிக்கரை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு, எண்ணிக்கொண்டே அழுத்தவேண்டும். பத்து முறை அழுத்தியதும் திரையில் 11 வந்து நிற்கவேண்டும். 10 நின்றால் ஒரு அழுத்தம் தொலைந்தது, 12 நின்றால் ஒன்று இரட்டிப்பானது. வலது மூலையிலும் நடுவிலும் இதையே செய்யுங்கள். வைஃபை, கம்பியில்லா மைக் எல்லாவற்றையும் ஓடவிட்டே செய்யுங்கள். இதில் தேறாத கிளிக்கரைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இனி கைக்கு வருவோம். கண்ணால் பார்க்காமல் கட்டைவிரல் தடவியே முன்னும் பின்னும் எது என்று தெரியவேண்டும். முன்னே போகும் பொத்தான் பெரிதாக, மேடாக இருந்தால் நல்லது. ஏழெட்டுப் பொத்தான் வைத்த கருவிகளைத் தவிர்த்துவிடுங்கள். பதற்றத்தில் இருக்கும் ஒருவர் ஸ்லைடுஷோவையே மூடிவிடும் பொத்தானில் விரலை வைத்தால், நூறு பேர் முன்னால் அவருடைய டெஸ்க்டாப் திரை விரிந்துவிடும். அழுத்தும்போது சத்தம் வரக்கூடாது. விரலுக்கு மட்டும் ஒரு அசைவு தெரியவேண்டும்.

திரையைக் கறுப்பாக்கும் பொத்தானை மட்டும் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். கேள்வி நேரத்தில் அதை அழுத்தினால் கூட்டத்தின் கண் ஸ்லைடை விட்டுப் பேசுகிறவர் முகத்துக்கு வரும். பிடிஎஃப் கோப்பில் அது வேலை செய்யாமல் போகலாம், முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

"லேசர் வேண்டாமுங்களா?" என்று கேட்பீர்கள். அரங்கத்தில் என்ன திரை இருக்கிறது என்பதைப் பொறுத்தது. வெள்ளைத் துணியில் புரொஜெக்டர் அடிக்கும் அரங்கமென்றால் பச்சை லேசர் வாங்குங்கள். சிவப்பு 650 நானோமீட்டரை ஒட்டிய அலை, பச்சை 532. பகல் வெளிச்சத்தில் நம் கண் 555 நானோமீட்டரை ஒட்டித்தான் மிகக் கூர்மையாகப் பார்க்கும். ஆகவே ஒரே திறன் கொண்ட இரண்டில் பச்சைப் புள்ளி பலமடங்கு பளிச்சென்று தெரியும். எக்ஸ்ரேயில் ஒரு மயிரிழை முறிவைக் காட்டவேண்டிய மருத்துவர்களுக்கு அது பெரிய உதவி. 1 மில்லிவாட்டுக்கு மேல் போகாத 'கிளாஸ் 2' வகையாக இருக்கட்டும். யார் முகத்துக்கு நேராகவும் அதைத் திருப்பக்கூடாது.

ஆனால் இப்போது பல மண்டபங்களில் எல்இடி சுவர் வந்துவிட்டது. அது தானே ஒளிரும் பரப்பு. லேசர் புள்ளி அதில் மங்கி மறைந்துவிடும். இரண்டு பக்கமும் திரை இருந்தால் ஒன்றில்தான் புள்ளி விழும். இணையத்தில் பார்ப்பவர்களுக்கு அதுவும் கிடையாது. இங்கே லாஜிடெக் ஸ்பாட்லைட் மாதிரியான கருவிகள் உதவும். அவை லேசருக்குப் பதிலாகத் திரைப் படத்தின் மேலேயே ஒரு வட்டத்தை ஒளிரச் செய்கின்றன. அதற்கு லேப்டாப்பில் அவர்களுடைய மென்பொருளை ஏற்றியிருக்கவேண்டும். எல்லாப் பேச்சாளரும் அரங்கத்தின் ஒரே லேப்டாப்பில் பேசினால் இது சிறப்பு. ஆளுக்கொரு லேப்டாப் கொண்டுவந்தால் பயன்படாது. அப்போது பேச்சாளரிடம், காட்டவேண்டிய இடத்தில் ஸ்லைடிலேயே ஒரு வட்டம் போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். எந்தக் கருவியும் இல்லாமல் வேலை முடிந்துவிடும்.

புளூடூத்தா ரிசீவரா என்றால், பேச்சாளர்கள் மாறிக்கொண்டே இருக்கும் அரங்கத்துக்கு ரிசீவர்தான். ஒவ்வொரு லேப்டாப்போடும் புளூடூத்தை இணைக்கும் நேரத்தில் ஒருவரின் பேச்சில் பாதி போய்விடும். புதிய லேப்டாப்கள் பலவற்றில் பழைய யுஎஸ்பி துளையே இல்லாததால் டைப்-சி அடாப்டர் ஒன்றையும் கூடவே வையுங்கள். கிளிக்கர் மீதும் ரிசீவர் மீதும் ஒரே எண்ணை எழுதி ஒட்டுங்கள். ரிசீவர் தொலைந்தால் கிளிக்கரை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யமுடியாது. எடுக்க மறந்தால் ரிசீவர் விருந்தினரின் லேப்டாப்பிலேயே மாட்டிக்கொண்டு பீளமேடு விமான நிலையம் வரை போய்விடும்.

ரிசீவரை உடனே எடுத்துவிட இன்னொரு காரணமும் உண்டு. 2016இல் பாஸ்டில் என்ற பாதுகாப்பு நிறுவனம், சில கம்பியில்லா மவுஸ், கீபோர்டு ரிசீவர்களுக்கு அருகிலிருந்து வேறொருவர் பொய் விசைகளை அனுப்பமுடியும் என்று காட்டியது. 'மவுஸ்ஜாக்' என்று அதற்குப் பெயர். கிளிக்கர் ரிசீவரும் கீபோர்டு வேடம் போடுவதுதானே. பேசி முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

இதற்கெல்லாம் மேலே ஒரு தரம் இருக்கிறது. டிஎஸ்ஏஎன் நிறுவனத்தின் பெர்ஃபெக்ட்கியூ, இன்டர்ஸ்பேஸ் நிறுவனத்தின் மாஸ்டர்கியூ போன்றவை. இவற்றில் பேச்சாளர் அழுத்துவது முதலில் ஒரு பெட்டிக்குப் போகிறது. அந்தப் பெட்டி ஒன்றுக்கு மேற்பட்ட லேப்டாப்களை ஒரே சமயத்தில் நகர்த்தும். முதல் லேப்டாப் நின்றுபோனால், மாற்று லேப்டாப்பும் அதே ஸ்லைடில் தயாராக நிற்கும். பெட்டியில் விளக்கு எரிவதால், பேச்சாளர் அழுத்தினாரா என்பது ஆபரேட்டருக்கும் தெரியும். விலை பலமடங்கு. மாதம் தவறாமல் பெரிய மாநாடு நடத்துகிறவர்கள் வாங்கலாம், மற்றவர்கள் தேவைப்படும் நாளுக்கு ஒலி, ஒளி ஒப்பந்தக்காரரிடம் வாடகைக்குக் கேட்கலாம்.

சுருக்கிச் சொன்னால், வகுப்பறைக்கும் ஐம்பது பேர் கூடும் அறைக்கும் பெயர் தெரிந்த நிறுவனத்தின் எளிய ரிசீவர் கிளிக்கர் போதும். இருநூறு, முந்நூறு பேர் அமரும் அரங்கத்துக்கு 30 மீட்டர் தூரம் சொல்லும் ஒன்றும், மேடை வரை ஒரு நீட்டிப்புக் கம்பியும் வாங்குங்கள். எந்த அரங்கமானாலும் ஒன்றுக்கு இரண்டாக வாங்கி, நிகழ்ச்சி நாளன்று காலையில் புதுப் பேட்டரி போடுங்கள். சார்ஜ் ஏற்றும் வகையென்றால் முந்தின இரவே ஏற்றிவிடுங்கள்.

பேச்சாளர் வந்ததும் கிளிக்கரைக் கையில் கொடுத்து, "இது முன்னே, இது பின்னே, ஒரு தடவை அழுத்தீட்டுக் கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லி, மேடையில் நின்று பத்து ஸ்லைடு நகர்த்திப் பார்க்க விடுங்கள். மாதக்கணக்கில் உழைத்துச் சேர்த்ததைச் சொல்ல ஒருவருக்குப் பதினைந்து நிமிடம்தான் கொடுக்கிறோம். அதில் ஒரு நிமிடம்கூடக் கருவியால் வீணாகக்கூடாது. அந்தப் பொறுப்பு பேசுகிறவருடையது அல்ல, அரங்கத்தை நடத்துகிற நம்முடையது.