ஒரு பட்டு இழையின் பயணம் – 7: மல்பெரி இலையின் வாய்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துக் குழித்தறியில் நெசவாளர் மிதியை அழுத்துகிறார். பாவு இழைகளில் பாதி மேலேற, பாதி கீழிறங்க, நடுவில் ஒரு வழி திறக்கிறது. நாடா பாய்ந்ததும் மூடிக்கொள்கிறது. ஒரு புடவை முடிவதற்குள் இது பல்லாயிரம் முறை நடந்துவிடும்.

அந்த இழை தறியேறும் முன்பே, இன்னும் இலையாகவே இருந்த காலத்தில், இதேபோல ஒரு திறப்பும் மூடலும் நடந்து முடிந்திருக்கிறது.

காஞ்சிபுரத்துத் தறிகளுக்குக் கர்நாடகத்திலிருந்து நிறையப் பட்டு நூல் வருகிறது. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கமும் மல்பெரித் தோட்டங்கள் உண்டு. எங்கே வளர்ந்தாலும் பட்டுப்புழு தண்ணீர் குடிப்பதில்லை. உடம்புக்கு வேண்டிய ஈரம் மொத்தமும் இலையிலிருந்துதான் வர வேண்டும். அதனால்தான் வெயில் ஏறுமுன் இலை பறிப்பார்கள். பறித்ததை ஈரச் சாக்கு போட்டு மூடி வைப்பார்கள். உச்சி வெயிலில் பறித்த இலை கையில் துவண்டு தொங்கும். இளம்புழுவுக்கு அது ஆகாது.

இலையின் ஈரம் எந்த வழியாகப் போகிறது? மல்பெரி இலையைத் திருப்பி, அடிப்பக்கத்து மேல்தோலை நுண்ணோக்கியில் பார்த்தால் தெரியும். அவரைவிதை வடிவில் இரண்டு செல்கள் எதிரெதிரே ஒட்டியிருக்கும். நடுவில் ஒரு பிளவு. அதுதான் இலைத்துளை. இருபுறமும் நிற்பவை காப்பு செல்கள். காற்றிலிருந்து கரியமில வாயு உள்ளே வருவது இந்த வழியாக. நீராவி வெளியேறுவதும் இதே வழிதான், சிக்கலே இங்கேதான்.

காப்பு செல்லில் தசை கிடையாது, நரம்பு கிடையாது. உப்பை வைத்துத்தான் வேலை செய்கிறது. விடியலில் நீல ஒளி பட்டதும், செல்லின் சவ்விலுள்ள பம்புகள் ஹைட்ரஜன் அயனிகளை வெளியே தள்ளுகின்றன. சவ்வின் மின்னழுத்தம் மாறுகிறது. உடனே பொட்டாசியத்துக்கான அயனி வாய்க்கால்கள் திறந்து, பொட்டாசியம் உள்ளே பாய்கிறது. அதன் பின்னாலேயே தண்ணீரும். செல் உப்பி, வில்லாக வளைய, பிளவு விரிகிறது. ஏரி மதகு தண்ணீரைத் திறந்துவிடுகிறது. இந்த மதகு திறந்துவிடுவது உப்பை. தண்ணீர் தானாகப் பின்தொடர்கிறது.

மண் காய்ந்தால் கதை திரும்புகிறது. அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் சேர்கிறது. எதிர்மின் அயனிகளை வெளியேற்றும் வாய்க்கால்கள் திறக்கின்றன. பொட்டாசியமும் வேறு வாய்க்கால் வழியாக வெளியேற, செல் தளர்ந்து துளை மூடுகிறது. எல்லாம் சில நிமிடங்களில். ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் ஏ.எஸ்.ராகவேந்திரா நெடுங்காலம் ஆராய்ந்தது இந்த மூடலைத்தான்.

இந்த மதகுகள் கண்ணில் பட்ட விதம் சுவாரஸ்யமானது. 1984இல் ஷ்ரோடர், ஹெட்ரிச், ஃபெர்னாண்டஸ் மூவரும் ஃபாவா பீன்ஸ் செடியின் காப்பு செல்லில் நுண்ணிய கண்ணாடிக் குழாயை ஒட்டவைத்து, பொட்டாசிய வாய்க்கால்களில் ஓடும் மின்னோட்டத்தை அளந்தார்கள். எதிர்மின் அயனிக்கான முக்கிய வாய்க்கால் சிக்க 2008 ஆனது. இரண்டு குழுக்கள் தனித்தனி வழியில் அதை அடைந்தன. ஐரோப்பியக் குழு, ஓசோன் பட்டதும் கருகிய செடிகளைத் துருவிக்கொண்டு போனது. ஜப்பானியர்கள் வெப்பப் படக்கருவியை எடுத்துக்கொண்டு, மற்ற இலைகளைவிடக் குளிர்ந்திருந்த இலையைத் தேடினார்கள். துளை மூடாத இலை நீராவியை விட்டுக்கொண்டே இருக்கும். வியர்த்த உடம்புபோல அது குளிர்ந்துதானே ஆக வேண்டும்! இரண்டு வழியும் ஒரே மரபணுவில் போய் முடிந்தன: ஸ்லாக்-1.

விவசாயிக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. துளை மூடினால் தண்ணீர் மிச்சம். ஆனால் கரியமில வாயு வராது, இலை பெருக்காது. மைசூரு மத்திய பட்டு வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தின் வி-1 ரகம் பெரிய, சாறுள்ள இலை தரும். பதிலுக்குப் பாசனம் கேட்கும். மானாவாரி நிலத்துக்கு எஸ்-13 போன்ற ரகங்கள் தனி.

காம்பு ஒடிந்த இலைக்கு வேரிலிருந்து தண்ணீர் வரத்து நின்றுபோகிறது. காப்பு செல்கள் துளையை மூடிக்கொள்ளும். அப்படியும் மேல்தோல் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் கசியும். மீதிக்குத்தான் அந்த ஈரச் சாக்கு.

(தொடரும்)