கஞ்சிக் கிண்ணத்தின் முன்

நோயுற்ற நாள்களில், ஆராதனையில் பிறர் பாடும் ஸ்தோத்திரப் பாடல்கூடச் சிலருக்குப் பாரமாயிருக்கிறது. எதற்காக நன்றி செலுத்துவது என்று நெஞ்சம் வினவுகிறது. அவ்வினாவை நாம் விசுவாசக் குறைவென்று கருதுவதில்லை.

ஜெர்மனியில் முப்பதாண்டுப் போர் நடந்த காலம். சாக்சனிப் பகுதியின் ஐலன்புர்க் நகரில் மார்ட்டின் ரிங்கார்ட் என்பவர் போதகராயிருந்தார். அதுவே அவர் பிறந்த ஊர். போருக்கு அஞ்சி வந்த ஏதிலிகள் மதிலுக்குள் நெருங்கி வாழ்ந்தனர். 1637இல் கொள்ளைநோய் மூண்டது. அவ்வாண்டில் அவர் 4,000 பேருக்கும் மேலாக அடக்கம் செய்தார் என்பர். அவர்களுள் ஒருவர் அவருடைய மனைவி.

இன்றும் பல நாட்டுத் திருச்சபைகள் பாடும் நன்றிப்பாடல் ஒன்று அவர் இயற்றியதே. வெற்றிவிழாவுக்கென்று அவர் அதை எழுதவில்லை. வீட்டார் உணவுவேளையில் சொல்லும் சிறு ஜெபமாகவே அமைத்தார்.

கட்டிலருகே கஞ்சிக் கிண்ணம் வைக்கப்படும்போது அவரை நினைக்கிறோம். ஜெபம் நாவில் வாராத நாள் உண்டு. அன்று துணையிருப்பவர் சொல்லட்டும். படுத்திருப்பவர் கேட்டிருந்தால் போதும். அவருக்கும் தொண்டை அடைத்தால் இருவரும் சற்று மௌனமாயிருக்கலாம். கஞ்சி மட்டும் ஆறிவிடலாகாது.