கொட்டகையில் தூங்கும் பிள்ளைகள்... ஏலத்தில் பிரியும் செல்லங்கள்! - அமெரிக்க கவுன்டி ஃபேர் கதை

ஆகஸ்ட் மாதம். விடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. அயோவாவிலோ ஒஹையோவிலோ ஏதோ ஒரு சிற்றூரின் கண்காட்சித் திடலில், தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகையில் மட்டும் விளக்கு எரிகிறது. உள்ளே பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, 600 கிலோ எடையுள்ள காளைக்கு ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

குளியலோடு முடியவில்லை. பெரிய ப்ளோயரை வைத்து ரோமத்தைக் காயவைக்க வேண்டும். சீப்பால் மேல்நோக்கிச் சீவ வேண்டும். வால் நுனி முடியைப் பந்து போலச் சுருட்டி, ஸ்ப்ரே அடித்து நிறுத்த வேண்டும். பக்கத்துப் பட்டியில் நிற்கும் செம்மறிக் குட்டிகளுக்கு ஒட்ட முடி வெட்டி, அழுக்குப் படாமல் இருக்க ஸ்பான்டெக்ஸ் துணியில் உடுப்பே மாட்டியிருக்கிறார்கள். கல்யாண வீட்டு மேக்கப் அறை தோற்றுப்போகும்!

இத்தனையும் வளையத்துக்குள் நடுவர் முன்னால் நிற்கப்போகும் சில நிமிடங்களுக்காக. அதற்கடுத்த ஓரிரு நாளில் அந்தக் காளை ஏலத்துக்குப் போகும். ஏலம் முடிந்தால் இறைச்சிக்கூடத்துக்கு லாரி ஏறும். குளிப்பாட்டுகிற பிள்ளைக்கு இது முதல் நாளிலிருந்தே தெரியும்.

தெரிந்தேதான் பெயர் வைக்கிறார்கள்.

இரண்டு ஆடுகளில் தொடங்கிய திருவிழா

அமெரிக்காவில் கவுன்டி என்பது கிட்டத்தட்ட நம் மாவட்டம் மாதிரி. அங்கே 3,000-க்கும் மேற்பட்ட கவுன்டிகள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் கோடையில் ஒரு வாரம் ஃபேர் நடக்கும். ராட்டினம், டிராக்டர் இழுக்கும் போட்டி, குச்சியில் செருகிய கார்ன் டாக், யார் தோட்டத்துப் பூசணி பெரிது என்ற சண்டை, பாட்டிமார் தைத்த போர்வைகளுக்குப் பரிசு என்று ஊரே அங்கேதான் கிடக்கும். ஐந்து வயது வாண்டுகளுக்கு ஹெல்மெட் மாட்டி ஆட்டின் மேல் உட்காரவைத்து ஓடவிடும் ‘மட்டன் பஸ்டிங்’ என்றொரு கூத்தும் பல ஊர்களில் உண்டு. ஆனால் திடலின் உயிர், பின்னாலிருக்கும் கால்நடைக் கொட்டகைகள்தான்.

தொடக்கமே கால்நடைதான். 1807-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிட்ஸ்ஃபீல்டு ஊரில் எல்கானா வாட்சன் என்பவர் தன்னுடைய இரண்டு மெரினோ செம்மறிகளைப் பொது இடத்தில் கட்டி ஊராருக்குக் காட்டினார். நல்ல கம்பளி தரும் இனம் என்று விவசாயிகள் கண்ணால் பார்க்கட்டும் என்பது அவர் எண்ணம். கூட்டம் கூடிவிட்டது. 1810-ல் அதையே கால்நடைக் கண்காட்சியாக நடத்தினார். அமெரிக்க விவசாயக் கண்காட்சிகளின் தந்தை என்று இன்றும் அவரைத்தான் சொல்கிறார்கள்.

பிள்ளைகள் உள்ளே வந்தது ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்து. 1902-ல் ஒஹையோவின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஏ.பி.கிரஹாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் சிறுவர், சிறுமிகளுக்கு ஒரு விவசாய கிளப் தொடங்கினார். அந்தக் காலத்தில் பல்கலைக்கழகங்கள் புது விதை, புது முறை என்று சொன்னால் பெரியவர்கள் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். ‘எங்க அப்பா காலத்துல இருந்து இப்படித்தான்’ என்ற பதில் உலகம் முழுக்க ஒன்றுதான் போலிருக்கிறது. ஆனால் பிள்ளைகள் செய்துபார்த்தார்கள். மகன் போட்ட மக்காச்சோளம் அப்பாவின் வயலைவிட நன்றாக விளைந்தபோது, அப்பா மெள்ள வந்து எட்டிப்பார்த்தார். இப்படி வளர்ந்ததுதான் 4-ஹெச் இயக்கம். தலை, இதயம், கை, ஆரோக்கியம் ஆகிய நான்குக்கும் ஆங்கிலத்தில் ‘ஹெச்’ முதலெழுத்து. நாலிலைச் செடி அதன் சின்னம். 1914-ல் வந்த ஸ்மித்-லீவர் சட்டம் பல்கலைக்கழகங்களின் விரிவாக்கப் பணிக்கு அரசுப் பணத்தைக் கொடுக்க, இயக்கம் நாடு முழுக்கப் பரவியது. இன்னொரு பக்கம் 1928-ல் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்காக எஃப்.எஃப்.ஏ தொடங்கியது. நீலக் கார்டுராய் ஜாக்கெட் போட்டு வளையத்துக்குள் வருகிற பிள்ளைகள் அந்தக் கூட்டம்.

ஒரு பன்றிக்கு எத்தனை மூட்டை?

பெரும்பாலான இடங்களில் எட்டு வயதிலிருந்து போட்டியில் சேரலாம். எந்த விலங்கு என்பதை வீட்டின் இடமும் பணமும் முடிவு செய்யும். நிலம் இல்லாதவர்கள் முயலோ கோழியோ வளர்ப்பார்கள். டவுனில் வீடு என்றால் தாத்தா பண்ணையிலோ பள்ளிக்கூடக் கொட்டகையிலோ கட்டிவைப்பார்கள்.

பன்றியை எடுத்துக்கொள்வோம். வசந்த காலத்தில் 25 கிலோ சுமாருக்கு ஒரு குட்டி வாங்குகிறார்கள். கண்காட்சி வரும்போது அது 115, 120 கிலோ இருக்க வேண்டும். நடுவில் இருப்பது நூற்றுச் சொச்சம் நாள். நாளொன்றுக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக ஏற வேண்டும். ஒரு கிலோ எடை கூட ஏறக்குறைய மூன்று கிலோ தீவனம் என்று வைத்தால், கால் டன்னுக்கு மேல் தீவனம். அதை மூட்டை பிரித்துக் கொட்டுவது, தண்ணீர் வைப்பது, சாணம் அள்ளுவது எல்லாமே அந்தப் பிள்ளையின் வேலை. பன்றிக்கு வியர்த்து உடம்பைக் குளிர்விக்கத் தெரியாது. வெயில் ஏறினால் ஃபேன் போட வேண்டும், தண்ணீர் தெளிக்க வேண்டும். வெள்ளைத் தோல் பன்றிக்கு சன்ஸ்க்ரீன் தடவுகிறவர்களும் உண்டு. தினமும் நடைப்பயிற்சிக்கும் கூட்டிப்போக வேண்டும். கயிறு கிடையாது, சின்னக் கம்பால் கன்னத்தில் தட்டித் தட்டி ஓட்டிப் பழக்குவார்கள்.

அதிகம் வாங்கித் தின்றுவிட்டாலும் சிக்கல்தான். எடை வரம்பைத் தாண்டினால் ஏலத்துக்குத் தகுதி போய்விடும். ஆகவே கடைசி மாதத்தில், பரீட்சைக்கு முந்தைய வாரம் மாதிரி, எடை மெஷினும் கையுமாக அலைவார்கள்.

இதையெல்லாம் ஒரு கணக்கு நோட்டில் எழுத வேண்டும் என்பது 4-ஹெச் விதி. குட்டி விலை, தீவனச் செலவு, மருந்து, எடை ஏற்றம், கடைசியில் லாபமா நஷ்டமா என்று. ஊசி போட்டால் எத்தனை நாளுக்குப் பிறகு இறைச்சிக்கு அனுப்பலாம் என்ற கணக்கும் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். என்னைக் கேட்டால், கோப்பையைவிட அந்த நோட்டுதான் உருப்படியான பரிசு. 11 வயதில் வரவு செலவு எழுதிப் பழகிய பிள்ளை, ‘விவசாயத்துல என்ன கிடைக்கும்?’ என்ற கேள்விக்கு எண்ணிக்கையில் பதில் சொல்லும்.

காளை என்றால் வேலை இன்னும் முன்னதாகத் தொடங்கிவிடும். முந்தைய இலையுதிர்காலத்திலேயே காயடித்த கன்றை வாங்கி, தலைக்கயிறு கட்டிப் பழக்க வேண்டும். 40 கிலோ பிள்ளை, அதைப்போலப் பல மடங்கு எடையுள்ள மாட்டை இழுக்கிறது. முதல் சில வாரங்கள் மாடுதான் பிள்ளையை இழுத்துக்கொண்டு போகும்!

வளையத்துக்குள்...

போட்டியில் இரண்டு வகை. ஒன்றில் விலங்கின் உடல்வாகைப் பார்ப்பார்கள். சதைப்பிடிப்பு, நடை, கால் அமைப்பு என. இன்னொன்று ‘ஷோமேன்ஷிப்’. இதில் மதிப்பெண் பிள்ளைக்கு. விலங்கை எப்படி நிறுத்துகிறாய், கண் நடுவர் மேல் இருக்கிறதா, மாடு முரண்டு பிடித்தால் பதறாமல் சமாளிக்கிறாயா என்று பார்ப்பார்கள். நடுவர் அருகில் வந்து, தீவனத்தில் எத்தனை சதவிகிதம் புரதம் என்று கேட்பார். சில சமயம் இரண்டு பிள்ளைகளின் விலங்குகளை மாற்றிக் கொடுத்து நடத்தச் சொல்வார். சொந்த ஆட்டை எல்லோரும் நடத்திவிடலாம். பழகாத ஆடு கையைப் பிடுங்கிக்கொண்டு ஓடும்போதுதான் தெரியும் யார் கைக்காரர் என்று.

பால் மாட்டுப் பிரிவில் பிள்ளைகள் வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட்டில் வருவது மரபு. சாணிக்கு நடுவில் வெள்ளை! துவைக்கிற அம்மாக்களைக் கேட்காமல் வைத்த வழக்கமாகத்தான் இருக்கும். இறுதியில் நடுவர் சாம்பியன் விலங்கின் முதுகில் ஒரு தட்டு தட்டுவார், அல்லது பிள்ளையின் கையைப் பிடித்துக் குலுக்குவார். அதுவரை கொட்டகையே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

பால் மாட்டுக் கிடேரிகளும், இனப்பெருக்கத்துக்கு வளர்ப்பவையும் வீட்டுக்குத் திரும்பிவிடும். மற்றவை ஏலத்துக்கு.

ஏலமும் அழுகையும்

ஏலத்தில் எடுப்பவர்கள் யார் தெரியுமா? உள்ளூர் வங்கி, தீவனக் கடை, டிராக்டர் விற்பவர், பல் டாக்டர். சந்தை விலையைவிடப் பல மடங்கு கொடுப்பார்கள். அவர்களுக்கு இறைச்சி முக்கியமில்லை. ஊர்ப் பிள்ளையின் காலேஜ் படிப்புக்குக் கை கொடுக்கிற மொய் அது. (கவுன்டி அளவைத் தாண்டிய பெரிய நிகழ்ச்சிகளில் தொகை தலைசுற்றவைக்கும். 2022-ல் ஹூஸ்டன் கால்நடைக் கண்காட்சியில் முதல் பரிசுக் காளை 10 லட்சம் டாலருக்குப் போனது. அதில் பிள்ளைக்கு ஒரு வரம்பு வரைதான். மீதி கல்வி உதவி நிதிக்கு.)

மைக்கில் எண்கள் ஏறிக்கொண்டே போகும்போது, பிள்ளை சிரித்துக்கொண்டு நிற்கும். கொட்டகைக்குத் திரும்பி, கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் அழும். கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடாயை வளர்த்த வீடுகளில் இந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை.

பெற்றோர் இதை மறைப்பதில்லை. தட்டில் இருப்பது எங்கிருந்து வந்தது என்று தெரிந்து வளரட்டும் என்பது பண்ணைக் குடும்பங்களின் வாதம். உயிரோடு இருக்கும் நாள்வரை நன்றாகப் பார்த்துக்கொள்வதே நம் கடமை என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். பிள்ளையைப் பாசம் வைக்கவிட்டுப் பிறகு பிரிப்பது எந்த நியாயம் என்று கேட்பவர்களும் அதே ஊரில் இருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், கவுன்டி ஃபேருக்குப் போன ஒரு பன்றியை ஒரு சிலந்தி காப்பாற்றும் கதையான இ.பி.ஒயிட்டின் ‘ஷார்லட்ஸ் வெப்’ (1952), இந்தப் பிள்ளைகள் பள்ளியிலேயே படிக்கிற புத்தகம்.

இந்த விவாதம் ஒருமுறை நீதிமன்றம்வரை போனது. 2022 ஜூன். கலிஃபோர்னியாவின் ஷாஸ்டா கவுன்டி. 10 வயதுகூட நிரம்பாத சிறுமி ஒருத்தி வளர்த்த ‘சீடர்’ என்ற வெள்ளாடு ஏலத்துக்கு வந்தது. 902 டாலருக்குப் போனது. பிரிய முடியாது என்று அவள் அழ, கண்காட்சிக்கு வரவேண்டிய பங்கையும் நஷ்டத்தையும் கட்டிவிடுகிறோம் என்று சொல்லி, அம்மா ஆட்டை வெளியே கொண்டுபோய்விட்டார். அந்தப் பங்கு 63 டாலர்தான். கண்காட்சி நிர்வாகம் ஒப்புக்கொள்ளவில்லை. விதி என்றால் விதி, மற்ற பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவர்கள் தரப்பு. ஷெரிஃப் துறையினர் நூற்றுக்கணக்கான மைல் காரோட்டிப் போய் ஆட்டைக் கைப்பற்றி வந்தார்கள். ஆடு வெட்டப்பட்டது. குடும்பம் வழக்குப் போட, 2024-ல் கவுன்டி தரப்பு 3 லட்சம் டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டது.

விதி முக்கியம்தான். ஆனால் 63 டாலருக்காக போலீஸை அனுப்புவதா? அமெரிக்கச் செய்தித்தாள்களிலும் இந்தக் கேள்விதான் அப்போது சுற்றிச்சுற்றி வந்தது.

வேறு கவலைகளும் உண்டு. 2012-ல் ஹெச்3என்2வி என்ற பன்றிக் காய்ச்சல் வகை 309 பேருக்குத் தொற்றியது. பெரும்பாலானோர் கண்காட்சிகளில் பன்றிகளோடு இருந்த பிள்ளைகள். அதன் பிறகு கொட்டகை வாசலில் கை கழுவும் தொட்டிகள் வந்தன. உள்ளே சாப்பிடக் கூடாது என்ற பலகை வந்தது. பன்றிகளை மூன்று நாளுக்கு மேல் திடலில் வைக்க வேண்டாம் என்ற பரிந்துரையும் வந்தது. 2024-ல் பறவைக் காய்ச்சல் கறவை மாடுகளுக்குப் பரவியபோது, பரிசோதனை முடிந்த பிறகே பால் மாடுகளை உள்ளே விட்டன பல மாநிலங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கவலை, வளையத்துக்குள் வரப் பிள்ளைகள் இருப்பார்களா என்பது. 2022 விவசாயக் கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் 19 லட்சம் பண்ணைகள். ஐந்து ஆண்டுகளில் 7 சதவிகிதம் குறைந்திருக்கின்றன. பண்ணை நடத்துபவர்களின் சராசரி வயது 58.1. தாத்தாவின் கொட்டகையில் ஆடு கட்டும் பேரப்பிள்ளைகள் பலர் அங்கே குடியிருப்பவர்கள் இல்லை. சனி, ஞாயிறு மட்டும் வந்துபோகிறவர்கள். அதனால்தான் 4-ஹெச் இப்போது ரோபோட்டிக்ஸ், சமையல், போட்டோகிராஃபி என்று எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது.

ஃபேர் முடிந்த வாரம், பிள்ளைகளுக்கு இன்னொரு வேலை பாக்கி இருக்கும். ஏலத்தில் எடுத்தவருக்குக் கைப்பட நன்றிக் கடிதம். கடிதத்தைக் கொடுத்தால்தான் செக் என்று பல கவுன்டிகளில் கறாராக இருக்கிறார்கள். கோடு போட்ட தாளில், விலங்கின் பெயர், அது எத்தனை கிலோ இருந்தது, பணத்தை என்ன செய்யப்போகிறேன் என்று எழுதுவார்கள். பெரும்பாலும் பாதி காலேஜ் சேமிப்புக்கு. மீதி அடுத்த கன்றுக்கு. அடுத்த ஆண்டுக்கான காளையை இலையுதிர்காலத்துக்குள் வாங்கிவிட வேண்டும். தாமதித்தால் நல்ல கன்றெல்லாம் விற்றுப்போய்விடும்.