வெயிலில் நிற்க மறுக்கும் இயந்திரம்

காலை எட்டு மணி. கேமரன் மலையில் குளிர் இன்னும் விலகவில்லை. முட்டைக்கோசும் தக்காளியும் ஏற்றிய பிக்கப் வாகனம் ஒன்று பண்ணையிலிருந்து புறப்பட்டு, பிரிஞ்சாங் நகரின் முச்சந்தியில் வந்து நிற்கிறது. வாகனமோட்டி பிரேக்கை மிதித்ததும் இயந்திரத்தின் ஓசை அடங்கிவிடுகிறது. வழி கிடைத்ததும் அவர் பிரேக்கிலிருந்து காலை எடுக்கிறார். இயந்திரம் கண்ணிமைக்கும் நேரத்தில் மீண்டும் இயங்க, வாகனம் நகர்கிறது.

அதே நாள் நண்பகல். அதே வாகனம் கோலாலம்பூரில் செந்தூல் வட்டாரக் கடைகளுக்குக் காய்கறிகளை இறக்கிக்கொண்டிருக்கிறது. வெளியே 33 டிகிரி செல்சியஸ் வெப்பம். சமிக்ஞை விளக்கு சிவப்பாகிறது. வாகனமோட்டி பிரேக்கை மிதிக்கிறார், இயந்திரம் நிற்கவில்லை. அடுத்த சந்திப்பிலும் நிற்கவில்லை.

“அண்ணே, காலையில நல்லாத்தானே வேலை செஞ்சது? இப்ப கெட்டுப் போச்சா?” என்று உதவியாளர் கேட்கிறார்.

“வொர்க்‌ஷாப்புல காட்டணும் போல, தம்பி,” என்கிறார் வாகனமோட்டி.

இத்தகைய ஐயம் வெப்ப நாடுகளில் வாகனம் ஓட்டுவோர் பலருக்கும் எழக்கூடியதே. ஆனால், அந்த வாகனத்தில் எதுவும் கெட்டுப்போகவில்லை. நிற்க வேண்டாம் என்று வாகனமே முடிவு செய்திருக்கிறது. அந்த முடிவுக்கான காரணத்தை அறிய, அதன் அமைப்பை முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

சிறிய மின்கலம், பெரிய உதவி

நின்றுகொண்டிருக்கும் வாகனத்தில் இயந்திரம் இயங்கினால் எரிபொருள் வீணாகிறது, புகையும் வெளியேறுகிறது. நெடுந்தூரம் செல்லும் பெரிய சரக்கு லாரி ஒன்று நின்ற இடத்திலேயே ஒரு மணி நேரம் இயங்கினால் ஏறத்தாழ 3 லிட்டர் டீசல் செலவாகும். சிங்கப்பூரில் போக்குவரத்து நெரிசல் போன்ற காரணம் ஏதுமின்றி, நிறுத்தப்பட்ட வாகனத்தின் இயந்திரத்தை இயக்கிக்கொண்டே இருப்பது சட்டப்படி குற்றமாகும். சாலைச் சந்திப்புகளில் ஏற்படும் இந்த விரயத்தைக் குறைக்கவே, இயந்திரத்தைத் தானாக நிறுத்தித் தானாகத் தொடங்கும் அமைப்பு உருவாக்கப்பட்டது.

சாதாரண வாகனங்களில் இவ்வேலையை 12 வோல்ட் மின்கலமும் தொடக்க மோட்டாரும் செய்கின்றன. ‘மைல்ட் ஹைப்ரிட்’ எனப்படும் மென்கலப்பு வாகனங்களில் கூடுதலாக 48 வோல்ட் லித்தியம் அயனி மின்கலம் ஒன்று இருக்கும். அதனுடன் இணைந்த மின்மோட்டார், பட்டையின் வழி இயந்திரத்தோடு பிணைக்கப்பட்டிருக்கும். இந்த மோட்டார் இரண்டு வேலைகளைச் செய்கிறது. வாகனம் புறப்படும்போது இயந்திரத்துக்குத் துணையாக உந்துவிசை தருகிறது. வேகம் குறையும்போது மின்னாக்கியாக மாறி, வீணாகப் போகவிருந்த ஆற்றலை மின்சாரமாக்கி மின்கலத்தில் சேமிக்கிறது. ஆனால், முழுக்கலப்பு வாகனத்தைப் போல மின்சாரத்தை மட்டும் கொண்டு இவ்வாகனம் ஓடுவதில்லை. எனவேதான் இதற்கு ‘மென்கலப்பு’ என்று பெயர்.

48 வோல்ட் என்ற அளவைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. நேர் மின்னோட்டம் 60 வோல்ட்டைத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடியதாகக் கருதப்பட்டு, அதற்கெனச் சிறப்புப் பாதுகாப்பு ஏற்பாடுகள் தேவைப்படுகின்றன. 48 வோல்ட் அந்த எல்லைக்குள் அடங்கிவிடுவதால் செலவு குறைகிறது.

இந்த மின்கலம் மிகச் சிறியது. அமெரிக்காவின் ரேம் 1500 பிக்கப் வாகனத்தின் 2019ஆம் ஆண்டு மாதிரியில் பொருத்தப்பட்ட 48 வோல்ட் மின்கலத்தின் கொள்ளளவு ஏறத்தாழ 430 வாட்-மணி மட்டுமே. 60 வாட் மின்விசிறி ஒன்றை ஏழு மணி நேரம் சுழற்ற மட்டுமே அது போதும். டொயோட்டா ஹைலக்ஸ் வாகனத்தின் 48 வோல்ட் வகையில் உள்ள மின்கலத்தின் எடை 7.6 கிலோகிராம்தான். அது பின்னிருக்கைக்கு அடியில் வைக்கப்பட்டுள்ளது. மின்கலம் சிறியதாக இருப்பதும், அது இருக்கும் இடமும் வெப்பநாளில் முக்கியமாகின்றன.

பயணிகளின் குளிர்ச்சி

இயந்திரம் நிற்க மறுப்பதற்கு முதல் காரணம் குளிரூட்டி. மென்கலப்பு பிக்கப் வாகனங்கள் பலவற்றில் குளிரூட்டியின் அழுத்தியை இயந்திரமே பட்டையின் வழி சுழற்றுகிறது. இயந்திரம் நின்றால் அழுத்தியும் நின்றுவிடும். காற்றாடி மட்டும் தொடர்ந்து சுழலும். குளிர்ச்சியான உலோகச் சுருள் சிறிது நேரத்துக்குத் தாக்குப்பிடித்தாலும், பின்னர் அது வெப்பமடையத் தொடங்கும். மலேசியா, சிங்கப்பூர் போன்ற ஈரப்பதம் மிகுந்த நாடுகளில் அந்தச் சுருளின்மேல் நீர்த்துளிகள் நிறையப் படிந்திருக்கும். சுருள் சூடாகும்போது அத்துளிகள் ஆவியாகி வாகனத்துக்குள் வீசும். உள்ளே புழுக்கம் கூடும். கண்ணாடியில் பனி படர்ந்து பார்வையும் மறைக்கப்படலாம்.

அப்படியானால், 48 வோல்ட் மின்கலத்தைக் கொண்டே குளிரூட்டியை இயக்கலாமே என்ற கேள்வி எழும். குளிரூட்டிக்கு 2 கிலோவாட் திறன் தேவை என்று வைத்துக்கொண்டால், 430 வாட்-மணி மின்கலம் முழுமையாக நிரம்பியிருந்தாலும் கால் மணி நேரம்கூடத் தாங்காது. பிறகு இயந்திரத்தை மீண்டும் தொடங்குவதற்கு மின்சாரமே இருக்காது.

ஆகவே, வாகனத்தின் கணினி உள்வெப்பநிலையை இடைவிடாமல் கவனிக்கிறது. வாகனமோட்டி கேட்ட குளிர்ச்சிக்கும் உண்மையான வெப்பநிலைக்கும் இடைவெளி அதிகமாக இருந்தால் இயந்திரத்தை நிறுத்துவதில்லை. நிறுத்தியிருந்தாலும், உள்ளே வெப்பம் ஏறியதும் விளக்கு பச்சையாகும்வரை காத்திராமல் இயந்திரத்தைத் தொடங்கிவிடுகிறது.

மின்கலத்தின் நலன்

இரண்டாவது காரணம் மின்கலத்தின் வெப்பம். மனிதருக்கு இதமான வெப்பநிலையே லித்தியம் அயனி மின்கலத்துக்கும் ஏற்றது. ஏறத்தாழ 15 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை அது நன்கு செயல்படும். வெப்பம் அதற்குமேல் கூடினால் மின்கலத்துக்குள் தேவையற்ற வேதிவினைகள் விரைவாகின்றன. பொதுவாக, வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் பல வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும். அதனால் மின்கலத்தின் ஆயுள் குறையும்.

செந்தூலில் என்ன நடந்தது என்பதைப் பார்ப்போம். காய்கறிகளை இறக்குவதற்காக வாகனம் வெயிலில் நிறுத்தப்பட்டிருந்தது. கண்ணாடி வழியாக உள்ளே நுழைந்த சூரிய ஒளி இருக்கைகளையும் தரையையும் சூடாக்கியது. அந்த வெப்பம் வெளியேற வழியில்லை. வெளியே 33 டிகிரியாக இருக்கும்போது, மூடிய வாகனத்தின் உட்புறம் ஒரு மணி நேரத்துக்குள் 50 டிகிரியைத் தாண்டிவிடக்கூடும். பின்னிருக்கையின் அடியிலோ அதன் பின்புறமோ இருக்கும் மின்கலமும் அந்த வெப்பத்தில் வேகிறது. இத்தகைய மின்கலங்களைக் குளிர்விக்கச் சிறு காற்றாடி ஒன்று பொருத்தப்படுவதுண்டு. அது வாகனத்தின் உட்காற்றையே இழுத்துப் பயன்படுத்துவதாக இருந்தால், உட்காற்றே சூடாக இருக்கும்போது மின்கலம் எளிதில் குளிராது.

வாகனம் புறப்பட்ட பிறகும் மின்கலத்துக்கு ஓய்வில்லை. நகர நெரிசலில் ஒவ்வொரு முறை வேகம் குறையும்போதும் அதற்குள் மின்சாரம் பாய்கிறது. ஒவ்வொரு முறை புறப்படும்போதும் மின்சாரம் வெளியேறுகிறது. மின்னோட்டம் பாயும்போதெல்லாம் உள்தடையால் வெப்பம் உண்டாகிறது. இந்நிலையில் மின்கலக் கட்டுப்பாட்டுக் கருவி மின்னோட்டத்தின் அளவைக் குறைத்துவிடுகிறது. குறைந்த மின்னோட்டத்தால் இயந்திரத்தை உறுதியாகத் தொடங்க முடியாது என்ற நிலை வரும்போது, கணினி இயந்திரத்தை நிறுத்துவதே இல்லை. சந்திப்பின் நடுவே வாகனம் உயிரற்று நிற்பதைவிடச் சிறிது டீசல் வீணாவது மேல் அல்லவா?

முன்மூடியின் கீழே

மூன்றாவது காரணம் இயந்திரத்தின் சொந்த வெப்பம். பாரம் ஏற்றிய வாகனம் மேட்டில் ஏறும்போது இயந்திரமும் டர்போவும் கடுமையாகச் சூடாகின்றன. இயந்திரம் ஓடும்வரை நீரேற்றி குளிர்விப்பு நீரைச் சுற்றவைக்கும். எண்ணெயும் டர்போவின் சுழல்தண்டைக் குளிர்விக்கும். நீரேற்றியை இயந்திரமே சுழற்றும் வாகனத்தில், இயந்திரம் திடீரென நின்றால் நீரோட்டமும் எண்ணெய் ஓட்டமும் நின்றுவிடும். சூடு இருந்த இடத்திலேயே தங்கி, உலோகத்துக்கும் எண்ணெய்க்கும் கேடு விளைவிக்கும். எனவே, குளிர்விப்பு நீரின் வெப்பம் அளவுக்கு மிஞ்சியிருந்தால் இயந்திரம் தொடர்ந்து இயங்கும்.

பட்டையோடு இணைந்த மின்மோட்டாரும் இதே சூடான இடத்தில்தான் இருக்கிறது. அதன் செப்புக் கம்பிகளின் மின்தடை, வெப்பநிலை ஒரு டிகிரி உயர்வதற்கு ஏறத்தாழ 0.4 விழுக்காடு கூடுகிறது. 50 டிகிரி உயர்ந்தால் மின்தடை ஐந்தில் ஒரு பங்கு அதிகரிக்கும். அதே வேலைக்குக் கூடுதல் மின்சாரம் செலவாகும். கூடுதல் வெப்பமும் உண்டாகும். இதனைத் தவிர்க்க மோட்டாரின் திறனும் கட்டுப்படுத்தப்படுகிறது.

கேமரன் மலையின் காலை நேரத்தில் இந்த மூன்று காரணங்களில் ஒன்றுகூட இல்லை. காற்று குளிர்ந்திருந்தது. குளிரூட்டிக்கு வேலை இல்லை. மின்கலமும் மோட்டாரும் இதமான நிலையில் இருந்தன. அதனால்தான் இயந்திரம் தயக்கமின்றி நின்றது.

விளம்பர எண்ணும் உண்மை எண்ணும்

இங்கே வாங்குவோர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. புதிய வாகனத்தின் விளம்பர ஏட்டில் எரிபொருள் சிக்கன எண் அச்சிடப்பட்டிருக்கும். அது பெரும்பாலும் ஆய்வுக்கூடச் சோதனையில் கிடைத்த எண்ணாகும். எடுத்துக்காட்டாக, ஐரோப்பாவில் பின்பற்றப்படும் டபிள்யூ.எல்.டி.பி. சோதனை 23 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில், குளிரூட்டி இயங்காத நிலையில் நடத்தப்படுகிறது. அத்தகைய சூழலில் இயந்திரம் நிற்க வேண்டிய இடங்களில் தவறாமல் நிற்கும். கோலாலம்பூரின் நண்பகல் அப்படிப்பட்டது அன்று. ஆகவே, ஏட்டில் உள்ள சிக்கனம் முழுவதும் தன் கைக்குக் கிடைக்கும் என்று ஒரு வியாபாரி கணக்கிட்டால், மாத இறுதியில் அவருடைய கணக்கு இடிக்கும்.

அதற்காக மென்கலப்பு அமைப்பே பயனற்றது என்று கருதிவிடக் கூடாது. இயந்திரம் நிற்காத வேளையிலும் மின்மோட்டார் தன்னால் இயன்ற அளவு உந்துவிசை தருகிறது. வேகம் குறையும்போது ஆற்றலை மீட்கிறது. அதிகாலையிலும் இரவிலும் மழைக்குப் பின்னும் இயந்திரம் வழக்கம்போல் நிற்கும்.

வாகனமோட்டி செய்யக்கூடியவை

சில எளிய பழக்கங்கள் இந்த அமைப்புக்கு உதவும். வாகனத்தை இயன்றவரை நிழலில் நிறுத்தலாம். வெயிலில் நின்ற வாகனத்தில் ஏறியதும் கதவுகளைச் சிறிது நேரம் திறந்துவைத்துச் சூடான காற்றை வெளியேற்றிய பிறகு குளிரூட்டியை இயக்கலாம். குளிரூட்டியை மிகக் குறைந்த வெப்பநிலையில் வைக்காமல் மிதமான அளவில் வைக்கலாம். பின்னிருக்கைப் பகுதியில் மின்கலத்துக்குக் காற்று செல்லும் துளைகளைப் பைகளாலும் சாக்குகளாலும் மறைக்கக் கூடாது. குளிர்விப்பு நீரின் அளவைத் தவறாமல் சரிபார்க்க வேண்டும்.

குளிர்ந்த காலை வேளையில், இயந்திரம் போதிய அளவு சூடேறிய பின்னரும், பல நாள்கள் தொடர்ந்து ஒரு முறைகூட நிற்காவிட்டால் அது பழுதாக இருக்கலாம். 12 வோல்ட் மின்கலம் வலுவிழந்திருப்பதும் காரணமாகலாம். வெப்ப நாடுகளில் அம்மின்கலமும் விரைவாக மூப்படைகிறது. எச்சரிக்கை விளக்கு எரிந்தாலும் தகுதிபெற்ற பழுதுபார்ப்பாளரிடம் காட்ட வேண்டும். 48 வோல்ட் கம்பிகளைத் தாமாகக் கழற்ற முயலக் கூடாது.

பாதுகாப்பு குறித்த செய்தி ஒன்றையும் மறக்கலாகாது. சந்திப்பில் ஓசை அடங்கிய இயந்திரம் அணைந்துவிட்டதாகப் பொருளில்லை. உள்வெப்பம் ஏறினால் அது எந்த நொடியிலும் தானாகத் தொடங்கும். சரக்கு இறக்குவதற்கு முன்போ முன்மூடியைத் திறப்பதற்கு முன்போ, வாகனமோட்டி இயந்திரத்தை முழுமையாக அணைத்துவிட்டதை உறுதிசெய்ய வேண்டும். வாகனத்தைச் சுற்றி நிற்கும் உதவியாளர்களும் சிறுவர்களும் ஓசை இல்லாததை நம்பி அருகே செல்லக் கூடாது.

எரிபொருளைச் சேமிக்கவும் புகையைக் குறைக்கவும் உருவாக்கப்பட்ட ஒரு கருவி, வெப்பம் கூடக்கூடக் குறைவாகவே வேலை செய்கிறது என்பது சிந்திக்க வேண்டிய செய்தி. பெரும்பாலும் மிதமான தட்பவெப்பத்தை மனத்தில் கொண்டு அளவிடப்படும் தொழில்நுட்பத்தை வெப்ப நாடுகளுக்கும் பொருத்தமாக்குவது பொறியாளர்களின் முன்னுள்ள பணியாகும். குளிர்ச்சியைச் சிறிது நேரம் தேக்கி வைக்கும் சுருள்கள், மின்சாரத்தால் இயங்கும் அழுத்திகள் எனச் சில தீர்வுகள் ஏற்கெனவே சில வாகனங்களில் இடம்பெற்றுள்ளன. அத்தகைய தீர்வுகள் காய்கறி ஏற்றிவரும் சாதாரண பிக்கப் வாகனங்களையும் எட்டும்போது, செந்தூலின் நண்பகலிலும் இயந்திரத்தின் ஓசை அடங்கும்.